பிரதான ஓட்டுநர்

வீட்டில் கார் வாங்குவது என்று முடிவான அன்றிலிருந்து, அதை ஓட்டப் போகிறவளைத் தவிர மற்ற எல்லோருக்கும் காரைப் பற்றி எல்லாம் தெரிந்திருந்தது.

ஓட்டப் போகிறவள் ரொட்டியக்கா. அந்த அடுக்குமாடிக் கட்டடத்தில் அவளை வேறு பெயர் சொல்லிக் கூப்பிட ஆள் கிடையாது. பதினெட்டு வருடமாக பேக்கரியில் மாவுப் பிரிவில் வேலை. சாயங்காலம் அவள் படியேறினால் மூன்று மாடிக்கும் வெண்ணெய் வாசனை தூக்கும். நாற்பத்தாறு வயதில் லைசென்ஸ் எடுத்தாள். அதுவும் முதல் தடவையிலேயே. அந்த முதல் தடவைதான் அவள் வீட்டுக்காரருக்குத் தொண்டையில் சிக்கிக்கொண்டது.

வீட்டுக்காரருக்குப் பெயர் தலைவர். ஒன்பது வருடத்துக்கு முன்னால் குடியிருப்போர் சங்கத்துக்கு ஆறே ஆறு மாதம் தலைவராக இருந்தார். லிஃப்டைப் பழுது பார்க்க ஒரு கமிட்டி போட்டார். கமிட்டி கலைந்துவிட்டது, லிஃப்ட் நின்ற இடத்திலேயே நிற்கிறது, பட்டம் மட்டும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அவரும் ஓட்டுநர் தேர்வுக்கு மூன்று முறை போனவர்தான். முதல் முறை தேர்வு அதிகாரிக்கு ஜலதோஷம். இரண்டாம் முறை ஒரு விளக்குக் கம்பத்தைத் தப்பான இடத்தில் நட்டு வைத்திருந்தார்கள். மூன்றாம் முறை வண்டிக்கே மரியாதை தெரியவில்லை.

ரொட்டியக்கா பாஸாகி வந்த அன்று அவர் மாடிப்படியில் நின்று எதிர் வீட்டாரிடம் சொன்னார்: "இப்பல்லாம் டெஸ்ட ரொம்ப சுலபமாக்கிட்டாங்க. வர்றவங்க போறவங்களுக்கெல்லாம் அள்ளிக் குடுக்கறாங்க."

"அப்ப நீங்களும் ஒருக்கா போய் வாங்கிட்டு வந்துடுங்களேன்" என்றாள் ரொட்டியக்கா, பையிலிருந்து சாவியைத் தேடியபடி.

தலைவருக்கு அன்று சாப்பாடு சரியாக இறங்கவில்லை.

கார் வாங்குவது ஆசைக்கு இல்லை. பேக்கரியை ஊருக்கு வெளியே, பெரிய கிடங்குகள் இருக்கிற பக்கம் மாற்றுகிறார்கள். அங்கே போகிற முதல் பஸ்ஸே எட்டு மணிக்குத்தான். வேலை ஆறு மணிக்கு. மேலாளர் அவளைக் கூப்பிட்டு, "மாவுப் பிரிவுக்கு இனிமே நீங்கதான் மேற்பார்வை. ஆனா அடுத்த மாசம் மொத திங்கக்கிழமை ஆறு மணிக்கு அங்க நிக்கணும். முடியாதுன்னா இப்பவே சொல்லிடுங்க, அடுத்த ஆள் ரெடியா இருக்கு" என்றார். அந்த அடுத்த ஆள் யாரென்று அவளுக்குத் தெரியும். உப்புப் போட்டோமா இல்லையா என்று மாவையே கேட்கிற ஆள். பதினெட்டு வருடம் கழித்து அந்த ஆளுக்குக் கீழே நின்று உருண்டை பிடிப்பதா? "முடியும் சார்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

சனிக்கிழமை பழைய கார் விற்கிற இடத்துக்கு மூன்று பேர் போனார்கள். மூன்றாவது ஆள் தலைவரின் தம்பி. ஒரு காலத்தில் டயர்க் கடையில் இரண்டு வருடம் ரசீது எழுதினான். அதிலிருந்து உலகத்தில் உருளுகிற எதைப் பற்றியும் அபிப்பிராயம் சொல்கிற உரிமை அவனுக்கு வந்துவிட்டது.

வந்ததும் வராததுமாக, நிற்கிற ஒவ்வொரு வண்டியின் டயரையும் ஓர் உதை விட்டான்.

"எதுக்கு தம்பி உதைக்கிறே?"

"சத்தம் கேக்கணும் அண்ணி. சத்தத்துலயே தெரிஞ்சிடும்."

"என்ன தெரியும்?"

"தெரியறவங்களுக்குத் தெரியும்."

தலைவர் கதவுகளைத் திறந்து திறந்து சாத்தினார். 'டப்' என்று சாத்தினால் நல்ல வண்டியாம், 'டொப்' என்றால் மட்டமாம். டப்பிலும் டொப்பிலும் தேர்ந்து கடைசியில் ஒரு பெரிய கறுப்பு வண்டிக்கு முன்னால் வந்து நின்றார். மூன்று தெரு நீளம். அதன் முன் இருக்கையில் உட்கார்ந்து, காலை நீட்டி, கையைக் கட்டிக்கொண்டு கண்ணை மூடினார். யாரோ மாலை போட வருகிற மாதிரி முகம்.

"இதுதான்" என்றார் கண்ணைத் திறக்காமலே. "இதுல எறங்கினா நாலு பேரு திரும்பிப் பாப்பான்."

தரகருக்கு வாயெல்லாம் பல். "சார் கண்ணு கண்ணுதான். ஒரே ஒரு டாக்டர் ஓட்டின வண்டி. அவரும் ஆஸ்பத்திரிக்கு நடந்தே போயிடுவாரு."

ரொட்டியக்கா ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்தாள். கால் மிதியைத் தொடவில்லை. இருக்கையை முன்னால் தள்ளியதும் கால் தொட்டது, ஆனால் ஸ்டியரிங் நெஞ்சில் இடித்தது. கழுத்தை எக்கிப் பார்த்தாள்.

"என்னங்க, எனக்கு ரோடே தெரியல. வானம்தான் தெரியுது."

"போகப் போகப் பழகிடும்."

"எங்க போக, மேலயா?"

தம்பி சிரித்துவிட்டு, அண்ணன் முகத்தைப் பார்த்து இருமலாக மாற்றிக்கொண்டான்.

அவள் இறங்கி, மூலையில் கவனிப்பார் இல்லாமல் கிடந்த ஒரு சின்ன வண்டியிடம் போனாள். வெளுத்துப்போன பச்சை நிறம். உட்கார்ந்தாள். கால் சரியாக மிதியில் விழுந்தது. முன்னால் பானெட் எங்கே முடிகிறது என்று தெரிந்தது, பின்னால் சுவர் எவ்வளவு தூரம் என்று தெரிந்தது. சாவி வாங்கி, இரண்டு ஆண்களையும் பின்னால் ஏற்றிக்கொண்டு இரண்டு தெரு சுற்றி வந்து, புறப்பட்ட கோட்டிலேயே கொண்டுவந்து நிறுத்தினாள். முழங்கால் தாடையில் முட்ட, தலைவர் வழிநெடுக முன் இருக்கையைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

"இது என்ன வண்டியா, தீப்பெட்டியா?" என்றார் இறங்கி, இடுப்பை நிமிர்த்தி.

"ஓட்டப் போறது நான்."

"ஓட்டறது நீதாம்மா, யாரு இல்லேன்னா? ஆனா வண்டி குடும்பத்து வண்டி."

"குடும்பத்துக்கு ஆறு மணிக்கு பேக்கரில என்ன வேலை?"

தரகர் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்துவிட்டு, "அக்கா கண்ணு கண்ணுதான். ஒரே ஒரு டீச்சர் ஓட்டின வண்டி" என்றார்.

பச்சை வண்டியைத் தரகரின் ஆள் வாசலில் கொண்டுவந்து விட்டுப் போனான். வண்டியில்தான் தோற்றாகிவிட்டது, காகிதத்திலாவது ஜெயிக்க வேண்டாமா? செவ்வாய்க்கிழமை சாயங்காலம் தலைவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு கணினி முன் உட்கார்ந்தார். காப்பீடு இல்லாமல் வண்டியைத் தெருவில் இறக்கக்கூடாது. அதற்கு ஒரு விண்ணப்பம் நிரப்ப வேண்டும்.

"நானே போட்டுடறேனே" என்றாள் ரொட்டியக்கா, வேலைக்குப் போடுகிற மேலங்கிக்கு இஸ்திரி போட்டபடி.

"நீ நகரு. இது சட்டம் சம்பந்தப்பட்டது. ஒரு எழுத்து மாறினா போச்சு."

ஒற்றை விரலால் ஒன்றரை மணி நேரம் தட்டினார். நடுவில் ஒருமுறை திருப்தியாகத் தலையாட்டிக்கொண்டார். எதற்கு ஆட்டினார் என்பது அவளுக்கு அப்போது தெரியாது.

வெள்ளிக்கிழமை பிற்பகல், நாலு அடித்துப் பத்து நிமிடம். பழைய பேக்கரியில் கடைசி நாள் முடிந்து அவள் வீட்டுக்கு வந்து, கை கழுவிக்கொண்டிருந்தாள். தலைவரின் போன் அடித்தது. அவர் யாரோடு பேசினாலும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார். கட்டடத்துக்கே விஷயம் தெரிய வேண்டும் இல்லையா.

"வணக்கம் சார், இன்சூரன்ஸ் ஆபீஸ்லேருந்து பேசறேன். இந்த உரையாடல் பதிவு செய்யப்படுது" என்றது ஒரு பெண் குரல். "உங்க விண்ணப்பத்துல சில சந்தேகம் இருக்கு. அது தீர்ற வரைக்கும் காப்பீடு ஆரம்பிக்காது."

ரொட்டியக்கா ஈரக் கையோடு கூடத்துக்கு வந்தாள்.

"கேளும்மா, கேளு. எல்லாம் முறையாத்தான் போட்டிருக்கேன்."

"பிரதான ஓட்டுநர்ங்கற எடத்துல உங்க பேரு இருக்கு சார். உங்க மனைவி பேரு கூடுதல் ஓட்டுநர்னு இருக்கு."

"சரியாத்தானே இருக்கு? பிரதானம்னா நான்தானே. குடும்பத் தலைவர் நான்."

ரொட்டியக்கா மெதுவாக நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

"அது இல்ல சார். பிரதான ஓட்டுநர்னா வண்டிய அதிகமா ஓட்டறவங்க. நீங்க குடுத்த லைசென்ஸ் நம்பர் பழகுநர் உரிமம் சார். அது காலாவதியாகி பதினொரு வருஷம் ஆச்சு."

"நம்பர் நம்பர்தானேம்மா. அதுக்கு என்ன வயசு?"

"ஓட்டின அனுபவம் இருபத்திரண்டு வருஷம்னு போட்டிருக்கீங்க."

"ஓட்டறவங்க பக்கத்துல உக்காந்து வழி சொல்லிருக்கேன். அது அனுபவம் இல்லாம வேற என்ன?"

எதிர்முனையில் யாரோ தண்ணீர் குடிக்கும்போது புரையேறிய மாதிரி ஒரு சத்தம். பிறகு குரல் மறுபடி கஞ்சி போட்ட மாதிரி விறைப்பாக வந்தது.

"வேலைங்கற எடத்துல 'தலைவர்'னு இருக்கு. எந்த நிறுவனத்துக்கு சார்?"

"அது..." தலைவர் மென்று விழுங்கினார். "முன்னாள்."

"சரி சார். இப்ப நேரா கேக்கறேன். வண்டிய யாரு ஓட்டுவாங்க?"

"நாங்கதான்."

"நாங்கன்னா எத்தன பேரு?"

"நாங்கன்னா... நாங்க. மரியாதைக்குச் சொல்றது."

"மரியாதைக்குத் தனியா கட்டம் இல்ல சார். ஓட்டுநர் எத்தன பேருன்னு எண்ணிக்கைதான் கேக்குது."

ரொட்டியக்கா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். நாலு இருபத்தைந்து. "ஆபீஸ் எத்தன மணிக்கும்மா சாத்துவீங்க?" என்று கேட்டாள்.

"அஞ்சு மணிக்கு மேடம். அதுக்கப்புறம் திங்கக்கிழமை ஒம்பது மணிக்குத்தான்."

திங்கட்கிழமை ஒன்பது மணி. அப்போது அடுத்த ஆள் மூன்று தொட்டி மாவை உப்பில்லாமல் பிசைந்து முடித்திருக்கும். "நானே சொல்லிடறேன் எழுதிக்கம்மா" என்றாள் அவசரமாக.

"மன்னிக்கணும் மேடம். விண்ணப்பம் சார் குடுத்தது. அவர் வாயாலதான் திருத்தணும். சார், உங்கள கூடுதல் ஓட்டுநர்னு மாத்திக்கலாமா?"

"கூடுதலா? நானா?" தலைவர் எழுந்தே நின்றுவிட்டார். "என் வீட்ல, என் வண்டிக்கு, நான் கூடுதலா?"

"ஆனா அதுக்கும் லைசென்ஸ் வேணுமே சார்."

தலைவர் பொத்தென்று உட்கார்ந்தார்.

"அப்படின்னா உங்க பேர எடுத்துட வேண்டியதுதான். ஓட்டறது யாரு, நீங்க ஏன் ஓட்டறதில்ல, ரெண்டையும் நீங்களே சொல்லணும் சார். பதிவுக்கு."

தலைவர் மனைவியைப் பார்த்தார். வழக்கமாக இந்த இடத்தில் அவள் எதையாவது சொல்லிப் பூசி மெழுகிவிடுவாள். உறவுக்காரர் வீடு, பள்ளிக்கூடம், வங்கி என்று இருபத்து மூன்று வருடமாக அவர் வழுக்குகிற இடத்திலெல்லாம் மணல் போட்டவள் அவள்தான். இப்போது அவள் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, "சொல்லுங்க. பதிவாகுதாம்" என்றாள்.

நாலு முப்பத்தைந்து. நாலு நாற்பது. அந்த ஐந்து நிமிடத்தில் தலைவர் ஜன்னலைச் சாத்தினார், கதவைச் சாத்தினார், தண்ணீர் குடித்தார், இன்னொருமுறை ஜன்னல் சாத்தியிருக்கிறதா என்று பார்த்தார். எதிர்முனைப் பெண் பொறுமையாகக் காத்திருந்தாள். அப்படிக் காத்திருக்கத்தான் அவளுக்குச் சம்பளம்.

"ஓட்டறது என் மனைவி" என்றார் கடைசியில், உதடு அசையாமல். "எனக்கு... ஓட்டத் தெரியாது."

"சார், பதிவுல சரியா விழல. கொஞ்சம் சத்தமா சொல்றீங்களா?"

தலைவர் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு கத்தினார். "எனக்கு ஓட்டத் தெரியாதும்மா! ஓட்டறது அவதான்!"

மூன்று மாடிக்கும் கேட்டிருக்கும். சாத்திய ஜன்னலுக்கு அந்தப் பக்கம் எதிர் வீட்டார் துணி உலர்த்திக்கொண்டிருந்ததை அவர் பார்த்திருக்கவில்லை.

"நன்றி சார். மேடம் பேரையே பிரதான ஓட்டுநரா மாத்திட்டேன். சான்றிதழ் இன்னும் பத்து நிமிஷத்துல வந்துடும்."

வந்தது. ரொட்டியக்கா அதை எழுத்து எழுத்தாக இரண்டு முறை படித்தாள். தன் பெயர் முழுதாக எழுதியிருப்பதைப் பார்த்து அவளுக்கே ரொம்ப நாளாகியிருந்தது. பிறகு எழுந்து தேநீருக்குத் தண்ணீர் வைத்தாள். அவருக்கும் சேர்த்துத்தான்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் தலைவர் பேசவில்லை. பேசவில்லை என்பதை எல்லோருக்கும் தெரிகிற மாதிரிப் பேசாமல் இருந்தார்.

திங்கட்கிழமை ஐந்தே கால் மணிக்கு அவள் கீழே இறங்கினால், பச்சை வண்டிக்குப் பக்கத்தில் அவர் நிற்கிறார். தலை வாரி, சட்டையை உள்ளே விட்டு, கையில் பை.

"என்னங்க, உங்க ஆபீஸ் ஒம்பதரைக்கில்ல?"

"இன்னிக்குச் சீக்கிரம் போகலாம்னு பாக்கறேன். பஸ் ஸ்டாப்புல விட்டுடு. போற வழிதானே."

போகிற வழி இல்லை. இருந்தும் அவள் கதவைத் திறந்துவிட்டாள். அவர் பெல்ட்டைத் தேடிப் போட்டுக்கொண்டார். முதல் திருப்பத்தில் "எடது, எடது" என்றார். அவள் ஏற்கெனவே இடதுபுறம் திரும்பி முடித்திருந்தாள். அதற்கப்புறம் அவருக்குச் சொல்ல வழி எதுவும் மிச்சமில்லை. கையைக் கட்டிக்கொண்டு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

பஸ் நிறுத்தத்தில் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். தலைவர் இறங்கினார். அவசரப்படாமல், ஒரு காலை ஊன்றி, சட்டையை நீவிவிட்டு, கதவை 'டொப்' என்று சாத்தினார். ஒரே ஒரு ஆள் திரும்பிப் பார்த்தான்.

"டிரைவர் புதுசு" என்றார் அவனிடம், வண்டியைக் கைகாட்டி. "பரவால்ல, நல்லாத்தான் ஓட்டறா."

அதைக் கேட்க ரொட்டியக்கா அங்கே இல்லை. உப்பை மறக்கிற அந்த அடுத்த ஆள் மாவுத் தொட்டியை நெருங்குவதற்கு முன்னால் போய்ச் சேர வேண்டும். வண்டி அதற்குள் கிடங்குகள் இருக்கிற சாலையில் திரும்பியிருந்தது.