அக்கா கைக்கு ஒரு கத்தி

வாங்க வந்தவன் வாயைத் திறந்தால் விலை ஏறும், மூடினால் இறங்கும். தரகர் தன் தொழிலில் கற்ற பாடம் அவ்வளவுதான். தானிய மண்டியில் எந்த மூட்டையைப் பார்த்தாலும் முதலில் உதட்டைப் பிதுக்குவார். சரக்கு முத்தாகவே இருந்தாலும், “ஏதோ இருக்கு” என்பார். வேண்டியது கொஞ்சம் என்றால் நிறையக் கேட்பார். அவசரமாக வேண்டும் என்றால் கொட்டாவி விடுவார். பேரம் படிந்து, சரக்கு வண்டியில் ஏறும் நேரத்தில்தான் தன் உண்மையான நிபந்தனையை, ஏதோ மறந்துபோனது போல, மெல்ல எடுத்து விடுவார். அதனால் அவருடைய அக்காவுக்கு ஒரு கத்தி செய்விக்க வேண்டும் என்ற பேச்சு வந்தபோது அக்கா அவர் முகத்தைத்தான் பார்த்தாள்.

அக்கா மீன் சந்தையில் பலகை போட்டிருந்தாள். மீன் விற்பவள் அல்ல. மற்றவர்கள் வாங்கி வரும் மீனைச் செதில் சீவி, குடல் எடுத்து, கேட்ட கனத்துக்குத் துண்டு போட்டுத் தருபவள். அத்தான் இறந்த பிறகு அந்தப் பலகைதான் சோறு போட்டது, மகளைப் படிக்க வைத்தது. ஈரத் தரையில் வழுக்கி விழுந்ததில் அவளுடைய வலது மணிக்கட்டு உடைந்தது. எலும்பு கூடிவிட்டது. ஆனால் கை திரும்பவில்லை. கதவுக் குமிழைத் திருகக்கூட இடது கையைத்தான் கூப்பிட வேண்டியிருந்தது. மீன் கத்தியோ ஒவ்வொரு வெட்டுக்கும் மணிக்கட்டைத் திருப்பச் சொல்லும்.

சந்தையில் காலிப் பலகைக்கு மரியாதை கிடையாது. அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவார்கள். மேற்பார்வையாளர் கொஞ்சம் இரக்கப்பட்டு, “இப்ப மந்தம்தானே, பொறுத்துக்கறேன். மீன் வரத்து கூடற சமயத்துல பலகையில ஆள் நிக்கணும். ஒண்ணு நீ, இல்ல உன் வீட்டாளு. இல்லேன்னா என்னைக் குத்தம் சொல்லக் கூடாது” என்று சொல்லியிருந்தார்.

ஊருக்கு வெளியே ஒருத்தி, சொன்னபடி கத்தி செய்து தருகிறாள் என்று கேள்வி. போகச் சொன்னால் அக்கா மறுத்துவிட்டாள்.

“நான் போனா என் கையைப் பாத்து ‘ஐயோ பாவம்’னு சொல்லுவா. அந்த வார்த்தையைக் கேக்கறதுக்குப் பதிலா நான் வீட்டிலயே கிடப்பேன். நீ போ தம்பி. கை திரும்பாதுன்னு சொல்லு. நீளம் ஒரு சாண் போதும். மத்ததை அவ பாத்துப்பா.”

“எங்கிட்ட விட்டுட்டல்ல? முடிஞ்சுதுன்னு வெச்சுக்கோ” என்றார் தரகர்.

கத்திக்காரியின் பட்டறை ஒரு காலத்தில் கார் ரிப்பேர் ஷெட்டாக இருந்தது. தரையில் பழைய எண்ணெய்க் கறை அப்படியே இருந்தது. ஒரு மூலையில் பட்டை பட்டையாக இரும்பு, இன்னொரு மூலையில் கைப்பிடிக்கான மரக்கட்டைகள், நடுவில் சாணை பிடிக்கும் மிஷின். அவள் போட்டிருந்த தோல் ஏப்ரனில் பொறி பட்ட பொத்தல்கள். வந்தவரை உட்காரச் சொன்னாள். உட்கார ஒன்றும் இல்லாததால் தரகர் நின்றார்.

“என்ன வெட்டணும் சார்?”

“வெட்டறதுதான். எதையாவது.”

“எதையாவது வெட்டற கத்தி கடையிலயே கிடைக்கும். இங்க எதுன்னு சொல்லணும்.”

“மீனுன்னு வெச்சுக்கங்களேன்.”

“வெச்சுக்கணுமா, மீனேதானா?”

“மீனேதான்.”

“நின்னு வெட்டறதா, உக்காந்தா? பலகை இடுப்பு உயரமா, அதுக்குக் கீழயா? கத்தியைக் கழுவி எங்க வெப்பீங்க? சாணை யார் பிடிப்பாங்க?”

தரகருக்கு உள்ளுக்குள் மணி அடித்தது. விற்கிறவள் இவ்வளவு கேட்கிறாள் என்றால் வாங்குகிறவனின் அடிமடியைத் தடவிப் பார்க்கிறாள் என்று அர்த்தம். ஒவ்வொன்றுக்கும் அளந்து அளந்து பதில் சொன்னார்.

“வெட்டப் போறது யாரு?”

அக்காவின் மணிக்கட்டு அவர் நாக்கின் நுனி வரை வந்துவிட்டது. ஆனால் அங்கேயே அதை நிறுத்திக்கொண்டார். தாகம் என்று சொன்னவனுக்குத் தண்ணீர் மலிவாகக் கிடைத்ததாகச் சரித்திரம் உண்டா? முதலில் கத்தி உருவாகட்டும். வாங்கிக்கொள்ளும் நாளில், ‘எல்லாம் பிரமாதம், பிடியை மட்டும் கொஞ்சம் இப்படித் திருப்பிக் கொடுத்துடுங்க’ என்றால் தீர்ந்தது. காசு கைக்கு வரும் நேரத்தில் எந்த வியாபாரியும் சின்ன மாற்றத்துக்கு மாட்டேன் என்று சொன்னதில்லை.

“நான்தான்” என்றார்.

அவள் முதன்முறையாக நிமிர்ந்து, அவருடைய கையைப் பார்த்தாள்.

“இந்தக் கையா?”

“ஏன், கை மாதிரித் தெரியலையா?”

“தெரியுது. மீன் வெட்டின கை மாதிரித் தெரியல.”

“இனிமே வெட்டும்.”

“கையில ஏதாவது வலி, பிசகு, பழைய அடி?”

“சேச்சே. இரும்பு.”

அவள் தோளைக் குலுக்கிவிட்டு அளவுகோலை எடுத்தாள். “எவ்வளவு நீளம்?”

“ஒண்ணரைச் சாண்” என்றார் தரகர். அவள் பதறி, அதெல்லாம் முடியாது என்று இறக்கி இறக்கி ஒரு சாணுக்கு வந்து நிற்பாள் என்பது கணக்கு.

“சரி.”

தரகர் திகைத்துப் போனார். முதல் கேள்விக்கே ‘சரி’ சொல்லும் வியாபாரியை அவர் வாழ்நாளில் சந்தித்ததில்லை. ஒன்று அவள் ஏமாற்றுக்காரி, அல்லது இவர் கேட்டது குறைச்சல். சோதித்துப் பார்க்க, “நல்ல கனமா இருக்கணும்” என்றார்.

“சரி.”

“ரொம்பக் கனமா.”

“சரி.”

விலையைச் சொன்னாள். பாதியைச் சொன்னார். அவள் இரும்புப் பட்டையை எடுத்த இடத்திலேயே திருப்பி வைத்தாள். முழுசுக்கு ஒப்புக்கொண்டார். மானம் போன வேகத்தில், “அப்ப கொசுறா ஏதாவது போட்டுக் குடுங்க தங்கச்சி. எது வாங்கினாலும் கொஞ்சம் கூட வெச்சுத் தர்றதுதானே முறை” என்றார்.

“கத்தியில கூட வெச்சா விரலு கொசுறாப் போயிடும் சார்” என்று சொல்லி, ஈரக் களிமண் உருண்டை ஒன்றை அவர் உள்ளங்கையில் வைத்தாள். “இதை வெட்டற மாதிரி இறுக்கிப் பிடிங்க. பிடியை இந்த அச்சுப்படிதான் செதுக்குவேன்.”

தரகர் பிடித்தார். களிமண்ணில் நான்கு விரலும் கட்டை விரலும் பதிந்தன. கல் வைத்த மோதிரமும் பதிந்தது.

“மோதிரத்தோடதான் வெட்டுவீங்களா?”

“கழட்டினதே இல்ல.”

“சரி” என்றாள் மறுபடியும். அந்தச் சொல் தரகருக்கு அலுத்துப்போயிருந்தது.

கத்தி தயாரான நாளில் அவர் மண்டிக்குப் போகாமல் நேரே பட்டறைக்குப் போனார். கத்தியைக் கையில் எடுத்தார். ஒவ்வொரு விரலும் தன் வீட்டுக்குத் திரும்பியது போல அதனதன் பள்ளத்தில் போய் உட்கார்ந்தது. மோதிரத்துக்கென்று தனியாக ஒரு குழி. அலகு நீண்டு, கனத்து, வெளிச்சத்தை வழித்தெடுத்தது. தரகர் உதட்டைப் பிதுக்கினார்.

“ஏதோ இருக்கு. ஒண்ணே ஒண்ணு. இந்தப் பிடியைக் கொஞ்சம் மேல தூக்கி நிறுத்திடுங்க. கை திரும்பாம வெட்டற மாதிரி.”

அவள் சிரித்துவிட்டாள். “தூக்கறதா? இது என்ன மாவா சார், பிசைஞ்சு மறுபடி உருட்ட? இரும்பு காய்ஞ்சு எண்ணெயில இறங்கினதோட பேச்சு முடிஞ்சுது. அதுக்கு முன்னாடி சொல்லியிருந்தா எப்படி வேணா வளைச்சிருப்பேன்.”

“சின்ன மாத்தம்தானே...”

“உங்க கை திரும்புதே சார். எதுக்கு மாத்தம்?”

தரகர் கத்தியைத் துணியில் சுற்றிக்கொண்டு வெளியே வந்தார். ஒரு வியாபாரத்தில் கடைசி நிமிடம் என்று ஒன்று இல்லாமல் போனது அவருக்கு அதுவே முதல் தடவை.

வீட்டில் அக்கா கையைத் துடைத்துவிட்டுக் கத்தியை வாங்கினாள். தூக்கியதும் முகம் சுளித்தாள். இடது கையால் வலது கையைத் தாங்கிப் பிடித்துப் பார்த்தாள். விரல்கள் பள்ளத்துக்கும் மேட்டுக்கும் நடுவே வழி தெரியாமல் தடுமாறின. பிறகு மோதிரக் குழியில் கட்டை விரலை விட்டுத் துழாவினாள்.

“இது என்னடா ஓட்டை?”

தரகர் ஜன்னலைப் பார்த்தார்.

“டேய், இது உன் மோதிரம்டா. இது உன் கை!”

“அக்கா, பேரத்துல ஒரு முறை இருக்கு...”

“என் கை திரும்பாதுன்னு சொன்னியா, இல்லையா?”

“சொல்ற நேரத்துல சொல்லலாம்னு...”

“எந்த நேரத்துல? பலகை போனப்புறமா?” கத்தியை மேசைமேல் வைத்தாள். எறிந்திருப்பாள், கை வரவில்லை. “ஊர்ல மூட்டைக்கு மூட்டை வாயடிக்கிறவனை, ஒரு வார்த்தை சொல்லிட்டு வாடான்னு அனுப்பினேன். அந்த ஒரு வார்த்தையைத் தவிர எல்லாத்தையும் சொல்லிட்டு வந்திருக்கே.”

மறுநாள் அவளே கிளம்பினாள். தரகர் கூடவே போனார். வழியெல்லாம், “நீ ஒண்ணும் பேசாதே அக்கா, அவ பொல்லாதவ, பாத்துக்கலாம்” என்று சொல்லிக்கொண்டே வந்தார். பட்டறைக்குள் நுழைந்ததும் அக்கா கையை நீட்டிவிட்டாள்.

“ஏம்மா, இந்தக் கை உடைஞ்சு கூடினது. இப்படித் திரும்பாது, இப்படியும் திரும்பாது. இந்த விரலு மரத்துப் போயிருக்கு. மீன் வெட்டறேன், நின்னுக்கிட்டு. வெட்ட முடியலேன்னா பலகையை எடுத்துடுவாங்க. வேற பிழைப்பு தெரியாது.”

ஒவ்வொரு வாக்கியத்துக்கும் தரகர் கண்ணை மூடிக்கொண்டார். கஜானாவை நடுத்தெருவில் கொட்டுகிறவளைப் பார்ப்பது போலிருந்தது. கத்திக்காரி ‘ஐயோ பாவம்’ என்று சொல்லவில்லை. அந்த மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்து, எதுவரை போகிறது, எங்கே நிற்கிறது என்று அசைத்துப் பார்த்தாள். “ரம்பம் பிடிக்கிற மாதிரி பிடிச்சா வலிக்குதா?”

“அப்படின்னா வலிக்கல.”

“அப்ப அலகு கீழ, பிடி மேல நிக்கட்டும். திருப்பவே வேண்டாம், முன்ன தள்ளிப் பின்ன இழுத்தா போதும்.” களிமண்ணை எடுத்தாள்.

விலை பழைய விலையேதான். ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. தரகருக்கு அது விளங்கவே இல்லை.

“அந்தப் பழைய கத்தியைத் திருப்பி எடுத்துக்கறீங்களா தங்கச்சி?” என்றார்.

“அது உங்க கைக்குச் செஞ்சது சார். வேற யாருக்கு ஆகும்?”

ஆனால் புதுக் கத்தி தயாராவதற்கு முன்பே மீன் வரத்து கூடிவிட்டது. பலகையில் ஆள் நிற்க வேண்டும். ஒன்று அவள், இல்லை வீட்டாள். மகள் வெளியூரில் வேலை பார்க்கிறாள். மிச்சமிருந்தது தரகர், கத்தியும் அவரிடம்தான் இருந்தது.

ரப்பர் பூட்ஸும் பிளாஸ்டிக் ஏப்ரனுமாக அவர் பலகை முன் நின்றதைப் பார்க்க மண்டியிலிருந்து ஆட்கள் வேலை மெனக்கெட்டு வந்தார்கள். கத்தி அவர் கையில் பிறந்ததுபோல் உட்கார்ந்தது. மீன்தான் உட்காரவில்லை. தலையைப் பிடித்தால் வால் நழுவியது, வாலைப் பிடித்தால் மானம் நழுவியது. பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து அக்கா குரல் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

“முள்ளோட சண்டை போடாதடா, முள்ளை ஒட்டிப் போ. அடிவயித்துலேர்ந்து ஆரம்பி. அது அடிவயிறு இல்ல, முதுகு.”

ஒரு அம்மாள் தன் துண்டுகளை எடுத்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். “ஏதோ வெட்டியிருக்கீங்க. ஒண்ணு குண்டு, ஒண்ணு ஒல்லி. கூலியைக் குறைச்சுக்கங்க.”

தரகர் வாயைத் திறந்தார். பதிலுக்குப் பேரம் பேசக் கையை நிறுத்தவேண்டும். கையை நிறுத்தினால் வரிசை நிற்கும். “குடுக்கறதைக் குடுங்கம்மா” என்றார். அந்த வாக்கியம் தன் வாயிலிருந்துதான் வந்தது என்பதை நம்பச் சிறிது நேரம் பிடித்தது.

மேற்பார்வையாளர் தினமும் அந்த வழியாக நடந்தார். கோணல் துண்டுகளைப் பார்ப்பார், தரகரைப் பார்ப்பார், அக்காவைப் பார்ப்பார். “ஆள் நிக்குது, சரி. ஆனா கூட்டம் அடுத்த பலகைக்குப் போகுதே அம்மா. இப்படியே எத்தனை நாளைக்கு?” என்று ஒருநாள் கேட்டும்விட்டார்.

புதுக் கத்தி வந்தது. பார்க்க விகாரமாக இருந்தது. பாதி ரம்பம், பாதி இஸ்திரிப் பெட்டி. தரகருக்கு அதைக் கையில் பிடிக்கவே தெரியவில்லை. அக்கா பிடித்தாள். ஒரு பெரிய மீனைப் பலகையில் போட்டு, தள்ளி இழுத்தாள். மணிக்கட்டு அசையவில்லை, தோளும் முழங்கையும்தான் வேலை செய்தன. தலை தனியாக வந்தது. இரண்டாவது மீன் முதலாவதைவிடச் சுத்தமாக வந்தது. பழைய வேகம் இல்லை. ஆனால் துண்டுகள் ஒன்றுபோல் இருந்தன. அடுத்த பலகை முன் நின்ற ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டு, பையோடு இந்தப் பக்கம் நகர்ந்தார்.

அந்த நேரம் பார்த்து மேற்பார்வையாளர் வந்து நின்றார். அந்த விசித்திரமான கத்தியையும், வளையாத கையையும் மாறி மாறிப் பார்த்தார்.

“கை எப்படிம்மா இருக்கு? சரியாப் போச்சா?”

தரகர் அவருக்குப் பின்னாலிருந்து அக்காவுக்குக் கண்ணைக் காட்டினார்: ‘சரியாப் போச்சுன்னு சொல்லு. சொல்லித் தொலை.’

அக்கா தம்பியைப் பார்க்கவே இல்லை.

“கை திரும்பாதுங்க, இனிமேலும் திரும்பாது. வெட்டும்.”

மேற்பார்வையாளர் இன்னும் ஒரு மீன் துண்டாகிற வரை நின்று பார்த்தார். தலையை ஆட்டினார். பிறகு அடுத்த பலகைக்கு நடந்தார்.

தரகர் விட்ட மூச்சு பக்கத்து வரிசை வரை கேட்டது. ஏப்ரனின் முடிச்சை அவிழ்க்கக் கையைப் பின்னால் கொண்டுபோனார். அக்கா நிமிராமலே சொன்னாள்.

“எங்க கிளம்பிட்டே? வரிசையைப் பாரு. சின்ன மீனை நீ எடு.”