தவளைக்காக ஒரு ஏலம்

ராஜபாயின் வாசலில் செடி வளர்க்கும் குரோ பேக்குகள் ஒரே மாதிரி இரண்டு, இரண்டிலும் காந்தாரி மிளகாய்ச் செடி. அதில் ஒன்றின் மண்ணுக்குள் ஒரு தவளை குடியிருந்தது. சாதாரணத் தவளையா அது! கறுத்த முதுகில் செங்கல் நிறப் பட்டை. வெயில் காலமெல்லாம் மண்ணுக்குள் அடைந்து கிடக்கும். மழை பெய்தால் தலையை நீட்டும். கணவர் பொன்னுதாஸ் பேப்பரை விட்டு நிமிராத மனுஷன். அவள் தினமும் பேசியது தவளையோடுதான்.

சபைக் கோயிலில், அறுவடைக்கு நன்றி சொல்லும் அறுப்பின் பண்டிகை வந்தது. வீட்டில் விளைந்ததில் ஒன்றைப் படைக்க வேண்டும். ஆராதனை முடிந்ததும் அது ஏலத்துக்குப் போகும். தவளை இல்லாத பேக்கைக் கொண்டுவரக் கணவரிடம் சொல்லிவிட்டு, ராஜபாய் பாட்டுக் குழுவோடு நிற்க முன்னாலேயே போய்விட்டாள்.

செடி ஏலத்துக்கு வந்தபோதுதான் பக்கத்தில் நின்ற கணவரிடம் கேட்டாள். "எந்த பேக்க எடுத்தீங்க?"

"ரெண்டும் ஒண்ணு போலத்தானே இருக்கு? கைக்குக் கிட்டினத எடுத்தேன்."

அப்படியானால் தவளை இதற்குள்ளேயே இருக்கலாம். ஏலம் கேட்டுக்கொண்டிருந்தவர் டீக்கடை சோமன். பேக்கைக் கிழித்து, மண்ணை மண்வெட்டியால் கொத்திவிட்டுத்தான் நடுவார். கிளறிப் பார்க்கலாமென்றால், படைத்த பொருளில் கை வைப்பதா? தான் படைத்ததைத் தானே ஏலம் கேட்டால் ஊர் வருஷம் முழுக்கச் சிரிக்கும்.

"முந்நூறு, ரெண்டு தரம்..." என்றார் ஏலம் விட்ட எலியா.

"ஆயிரம்!"

கோயிலே ராஜபாயைத் திரும்பிப் பார்த்தது. "இது நீங்க படைச்சதாக்கும்!" என்றார் எலியா.

"தெரியும். மூணு தரம்னு சொல்லும்."

சிரிப்பலையின் நடுவே, ராஜபாய் செடியைக் கட்டிப்பிடித்தபடி வீட்டுக்கு வந்தாள். வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் மனசு நிறைந்திருந்தது.

சாயங்காலம் நல்ல மழை. ஏலத்தில் எடுத்த பேக்கின் முன்னால் குந்தியிருந்து பார்த்தாள். ஒரு அசைவும் இல்லை.

"ஏட்டி, இங்க பாரு" என்றார் பொன்னுதாஸ். வீட்டிலேயே இருந்த மற்ற பேக்கில் மண் பிளந்து, செங்கல் நிறப் பட்டைக்காரர் சாவகாசமாகத் தலையை நீட்டிக்கொண்டிருந்தார்.

ராஜபாய்க்கு முதலில் ஆத்திரம் வந்தது. பிறகு கண்ணில் நீர் வரச் சிரித்தாள். "போட்டும். இவன் இங்கதான உண்டு. அந்தச் செடிய நாளைக்கு சோமன் சேட்டனுக்குக் குடுத்திரணும்."

"நான் கொண்டுபோய்க் குடுக்கேன்" என்று பொன்னுதாஸ் எழுந்தார்.

"நீங்க எடுக்கண்டாம்" என்றாள் அவள். "நானே கொண்டு போறேன்."