ரத்னாபாய் குளம்

1

இந்தக் கதை பேருந்தில் கிடைத்தது. நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் வந்துகொண்டிருந்தேன். முன் இருக்கையில் இரண்டு பெண்கள். ஒருத்தி சொன்னாள்: "எங்க சித்தி பேருல ஒரு குளம் உண்டு, தெரியுமாட்டீ? மலைக்குள்ள."

"மலை மேலயா?"

"மேல இல்ல. உள்ள."

அதற்குள் பாறசாலை வந்து இருவரும் இறங்கிவிட்டார்கள். தம்பானூர் பஸ் நிலையம் வரை அந்தக் குளம் என்னோடு வந்தது.

பிறகு விசாரித்துக் கண்டுபிடித்தேன். சித்தியின் பெயர் ரத்னாபாய். மின்சார இலாகாவில் என்ஜினீயர். கதையோ, மின்நிலையம் கட்ட வெளிநாட்டுக் கடன் வாங்கப் போன கதை. இந்த வரியோடு சிலர் பக்கத்தைப் புரட்டிவிடுவீர்கள் என்று எனக்குத் தெரியும். உங்களைப் பிடித்து நிறுத்த ஒரு காதலைச் சேர்க்கலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். ரத்னாபாயைச் சந்தித்த பிறகு அந்தத் துணிச்சல் வரவில்லை.

2

எழுதிப் பார்த்த தொடக்கங்கள்.

"1967ஆம் வருடம், இடவப்பாதிப் பருவமழை பிடித்துக்கொண்ட அன்று, மூன்று வெள்ளைக்காரர்கள் விமானத்திலிருந்து இறங்கி—" வேண்டாம். அவர்களிடம் தொடங்கினால் அவர்கள் கதையாகிவிடும்.

"நிலக்கரி இல்லை, எண்ணெய் இல்லை, மழை மட்டும் வேண்டிய மட்டும் பெய்கிற ஒரு மாநிலம்—" இது கட்டுரை. ஆனால் இந்தச் செய்தி உங்களுக்குத் தேவை என்பதால் அடிக்கவில்லை.

"ரத்னாபாய்க்குக் கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றிவிடுவாள்." இது நிற்கட்டும்.

அப்போது அவளுக்கு முப்பத்து மூன்று வயது. நாகர்கோவில்காரி, ஒரு பள்ளி ஆசிரியரின் மகள். திருவனந்தபுரத்தில் பொறியியல் படித்து அங்கேயே வேலைக்குச் சேர்ந்தவள். கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு போனபோது உறவுக்காரர்கள் "நம்ம பக்கம் வந்துரு" என்றார்கள். "ஆறெல்லாம் இந்தப் பக்கமில்லா ஓடுது?" என்று சொல்லிவிட்டு இருந்துவிட்டாள்.

அவள் வரைந்தது சேந்தனாற்றுத் திட்டம். (ஆற்றின் பெயர் நான் வைத்தது. வரைபடத்தில் தேட வேண்டாம்.) மேலே ஓர் அணை. அங்கிருந்து பாறைக்குள் குழாய் வழியே தண்ணீர் இறங்கும். கீழே மலையின் வயிற்றைக் குடைந்து ஒரு பெரிய கூடம். அதற்குள் மூன்று குழிகள். குழிக்கு ஒன்றாக மூன்று மின் இயந்திரங்கள். மலையைக் குடைய ஆள் நம்மிடம் இருந்தது, சிமெண்டும் இருந்தது. இயந்திரம் மட்டும் கடல் தாண்டி வரவேண்டும். அதற்கு வெளிநாட்டுப் பணம் வேண்டும். முந்தின வருடம்தான் ரூபாயின் மதிப்பை வெட்டியிருந்தார்கள். அந்தப் பணத்தை யாராவது கடனாகத் தந்தால்தான் உண்டு.

தருவதற்குத்தான் அந்த மூவரும் வந்தார்கள்.

3

தலைவர் பெயர் ஹால்வர்சன். எந்த நாடு என்று [இங்கே எழுதியிருந்ததை வெட்டிவிட்டேன்]. பனி பெய்யும் நாடு என்பது போதும்.

முதல் பிரதியில் அவரைக் கெட்டவராக எழுதினேன். சுருட்டுப் பிடித்தார், "உங்களைப் போன்றவர்கள்" என்று வாக்கியத்தைத் தொடங்கினார், காப்பியை முகம் சுளித்துக் குடித்தார். எழுத எழுத எனக்கே சுகமாக இருந்தது. ரத்னாபாய் படித்துவிட்டு, "இது யாரு? இவரை நான் பார்த்ததே இல்லியே" என்றாள்.

உண்மையில் அவர் நல்ல மனிதர். வேறொரு ஏழை நாட்டில் பெரிய மின்நிலையம் கட்டிவிட்டு, வாங்குவாரில்லாமல் பாதி இயந்திரங்கள் சும்மா கிடந்ததைப் பார்த்தவர். அந்த நாடு இன்னும் வட்டி கட்டிக்கொண்டிருக்கிறது என்று சொன்னபோது அவர் குரலில் வருத்தம் இருந்தது.

"இரண்டு இயந்திரத்துக்குக் கடன் தருகிறோம். மூன்றாவது வேண்டாம். அதற்கான மின்சாரத்தை வாங்க இங்கே ஆள் இல்லை," என்றார். (ஆங்கிலத்தில் சொன்னார். என் கதையில் அவருக்கு நல்ல தமிழ் வருகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.)

"மெஷின் வேண்டாம். குழியை மட்டும் மூணா வெட்டிக்கிடுதோம், எங்க பணத்துல," என்றாள் ரத்னாபாய்.

"உங்கள் பணமும் இந்தத் திட்டத்தின் பணம்தான். வெறும் குழியில் அதைப் போட்டால் மற்ற வேலை தாமதமாகும். மூன்றாவது குழி இருந்தால் கடன் இல்லை."

4

தலைமைப் பொறியாளர் நாகேஸ்வரன் திருவனந்தபுரத்து வலியசாலை அக்ரகாரத்துக்காரர். அந்த ஆற்றங்கரையோடு அணைக்கு இடம் தேடி அலைந்தே தலை நரைத்தவர். அன்று மாலை ரத்னாபாயைத் தம் அறைக்குக் கூப்பிட்டார்.

"ரெண்டு தரேங்கறான். வாங்கிண்டு ஆரம்பிச்சுடலாம். மூணாவதைப் பின்னால பாத்துக்கலாமே. அதாக்கும் புத்தி."

"பின்னால முடியாது சார். பக்கத்துல ரெண்டு மெஷின் ஓடிட்டிருக்கும்போ பாறையில வெடி வைக்க ஒக்குமா? ஓட்டத்தை நிறுத்தணும். ஒரு வருஷம் ஊரை இருட்டுல போட எந்த மந்திரி சம்மதிப்பாரு?"

"இவாளும் போயிட்டா, வேற யாரு தருவா சொல்லுங்கோ."

அவள் வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டு எழுந்தாள்.

(இந்த இடத்தில் நாகேஸ்வரனைக் கோழை என்று எழுதியிருந்தேன். பிறகு அந்தச் சொல்லை எடுத்துவிட்டேன். வாழ்நாள் முழுவதும் கேட்டுக்கொண்டிருந்த ஒன்றில் முக்கால்வாசி கைக்கு வரும்போது, நீட்டிய கையை மடக்க நம்மில் எத்தனை பேரால் முடியும்?)

5

மறுநாள் மத்தியானம் மூவருக்கும் நாகேஸ்வரன் வீட்டில் சாப்பாடு. வலியசாலையில் சுவரோடு சுவர் ஒட்டிய வீடு. அவர் மனைவி விஜயம் இலை போட்டு அவியலும் எரிசேரியும் பரிமாறினாள். மொழிபெயர்க்க ரத்னாபாய்.

ஹால்வர்சன் மேலே பார்த்து, "இந்த வீட்டில் எத்தனை விளக்கு?" என்று கேட்டார்.

"நாலு," என்றாள் விஜயம். "அதுல ஒண்ணு அழுது வடியும்."

"மின்சாரம் தாராளமாக வந்தால் என்ன வாங்குவீர்கள்?"

விஜயம் கரண்டியோடு நின்று யோசித்தாள். "மாவரைக்கற மெஷின் ஒண்ணு கோயமுத்தூர்ல வந்திருக்காமே. பட்டனைத் தட்டினா அரைக்குமாம். அது வேணும். எனக்கு மட்டுமில்லை, இந்தத் தெருவுக்கே வேணும்."

ஹால்வர்சன் சிரித்தார். "மாவரைக்க ஓர் அணையா?"

அவர் என்ன சொன்னார் என்று விஜயம் கேட்டாள். ரத்னாபாய் சொன்னாள்.

"அவாத்துல யாரு அரைக்கறான்னு கேளு."

ரத்னாபாய் ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தாள். ஹால்வர்சனின் காது சிவந்தது. தன் ஊரில் மாவு அரைத்தே கடையில் விற்கிறார்கள் என்றார். அந்த ஆலை எதில் ஓடுகிறது என்று ரத்னாபாய் கேட்டாள். அவர் இன்னும் கொஞ்சம் அவியல் போடச் சொன்னார்.

கதைக்காரனுக்குக் கிடைத்த அருமையான இடம் இது. அவர் மனம் மாறிவிட்டது, மூன்றாவது குழி கிடைத்தது என்று இங்கேயே முடித்துவிடலாம். ஆனால் அவர் மனம் மாறவில்லை. அவியல் பிடித்திருந்தது, அவ்வளவுதான்.

6

கையெழுத்து வெள்ளிக்கிழமை காலை. நீண்ட மேஜை, நடுவில் செம்பருத்திப் பூ ஜாடி. நாகேஸ்வரன் பேனாவைத் திறந்துவிட்டார்.

(எந்த எழுத்தாளரும் இந்த இடத்தில் மின்விசிறியை நிறுத்தி, ஹால்வர்சனை வியர்க்க வைத்து, மின்சாரத்தின் அருமையை உணர்த்துவார். அன்று மின்விசிறி ஒழுங்காகச் சுற்றியது.)

"யாருக்காவது ஏதாவது சொல்ல வேண்டியிருக்கிறதா?" என்று ஹால்வர்சன் மரியாதைக்குக் கேட்டார்.

ரத்னாபாய் எழுந்தாள். கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தாள். எதிரே இருந்தவர்களின் முகங்கள் கலங்கிப்போய், வெளுத்த வட்டங்களாக மட்டும் தெரிந்தன. பேச அது வசதியாக இருந்தது என்று பின்னாளில் சொன்னாள்.

"நீங்க நல்லதுக்குத்தான் சொல்லுதீங்க. எனக்கு அதுல சந்தேகமே இல்ல. ஆனா நீங்க கணக்குப் போட்டது இன்னைக்கி இருக்கப்பட்ட கேரளத்துக்கு. அந்த மெஷின் சுத்தப் போறது எங்க பிள்ளைங்க காலத்துல. அவங்களுக்கு இவ்வளவு போதும்னு சொல்ல உங்களுக்கும் உரிமை கிடையாது, எனக்கும் கிடையாது. மலையை ஒருக்காத்தான் குடைய முடியும். மூணு குழி இல்லைன்னா, எங்களுக்கு இந்தக் கடன் வேண்டாம்."

அறையில் எல்லோரும் நாகேஸ்வரனைப் பார்த்தார்கள். இளநிலை அதிகாரி ஒருத்தி சர்க்கார் சார்பில் கடனை மறுக்கிறாள். உட்காரச் சொல்ல வேண்டியவர் அவர்தான்.

நாகேஸ்வரன் பேனாவை மூடினார்.

"திட்டம் ரத்னாபாய் போட்டது," என்றார். "அவாளுக்குச் சம்மதமில்லாம நான் கையெழுத்துப் போடறதா இல்லை."

[முதல் பிரதியில் அவர் கையெழுத்துப் போட்டார், அவள் தனியாக நின்றாள். கதாநாயகிக்கு அதுவே எடுப்பாக இருக்கும் என்று நினைத்தேன். ரத்னாபாய் அந்தப் பக்கத்தை என் மேல் விட்டெறியாத குறை. "அந்த மனுஷன் அன்னைக்கிப் பேனாவை மூடினாரு. அவருக்கு வேலை போயிருக்கும், தெரியுமா? என்னை உசத்த அவரைத் தாழ்த்தாதீங்க."]

7

மூவரும் விமானம் ஏறினார்கள். நாகேஸ்வரனை யாருக்கும் வேலையில்லாத ஒரு கிடங்குப் பிரிவுக்கு மாற்றினார்கள். ரத்னாபாய் பழவங்காடியில் பஸ்ஸுக்கு நின்றால்கூடப் பின்னால், "ஆ லோன் மடக்கிய பெண்ணு" என்று குரல் கேட்கும்: கடனைத் திருப்பி அனுப்பிய பெண். அடுத்த கோடையில் ஆலைகளுக்கு மின்வெட்டு வந்தது. வேலை இழந்தவர்களில் அவள் தெருக்காரர்களும் இருந்தார்கள். தான் செய்தது சரியா என்று தினமும் கேட்டுக்கொண்டாள். எல்லா நாளும் ஒரே பதில் வரவில்லை.

ஏறக்குறைய ஒரு வருடம் கழித்து ஹால்வர்சன் திரும்பி வந்தார். இரண்டு இயந்திரத்துக்குக் கடன். குழிகளைப் பற்றி இனிப் பேச்சில்லை. முதல் வேலையாக நாகேஸ்வரன் எங்கே என்று கேட்டார். கிடங்கு மூலையில் இருந்த மனிதரை அழைத்து வந்து பழைய நாற்காலியில் உட்காரவைத்தார்கள்.

ரத்னாபாய் ஹால்வர்சனிடம் கேட்டாள்: "எப்படி ஒத்துக்கிட்டாங்க?"

"எல்லோரும் எங்களிடம் அதிகமாகக் கேட்பார்கள். கொடுப்பதை வேண்டாம் என்று சொன்னவர்கள் நீங்கள்தான். இவர்கள் யோசித்து வாங்குகிறவர்கள், திருப்பித் தருவார்கள் என்று என் அலுவலகத்தில் வாதாடினேன். அதற்கு ஒரு வருடம் ஆயிற்று."

* இந்தப் பதில் எனக்குக் கொஞ்சம் அதிக அழகாகப் படுகிறது. பனிநாட்டு அரசுக்கு அந்த வருடம் வேறு கணக்குகளும் இருந்திருக்கும். அவர்கள் ஊர் ஆலையின் இயந்திரங்களை விற்றாக வேண்டியிருந்திருக்கும். ரத்னாபாய்க்கும் அது தெரியும். "இருக்கட்டுமே," என்கிறாள். "அவங்களுக்கும் வேணும், நமக்கும் வேணும். அப்போதான் அது பேரம். ஒருத்தருக்கு மட்டும் வேணும்னா அது பிச்சை."

8

மலையைக் குடைந்தார்கள். இரண்டு இயந்திரங்கள் வந்தன, ஓடின. மூன்றாவது குழியில் பாறைக் கசிவு தேங்கியது. முதலில் கணுக்கால் அளவு, பிறகு முழங்கால் அளவு. யாரோ ஒரு நாள் கைப்பிடிக் கம்பியில் பலகை கட்டித் தொங்கவிட்டார்கள்: 'ரத்னாபாய் குளம். குளிக்கக் கூடாது.' பேருந்துப் பெண் சொன்னது இதைத்தான்.

ரத்னாபாய் அங்கே போனபோது பலகையைப் பார்த்தாள். "எழுத்து கோணலா இருக்கே, நல்ல பெயிண்டர்கிட்டக் குடுங்க," என்று சொல்லிவிட்டு நடந்தாள். வெளியே வந்து ஜீப்பில் ஏறி, டிரைவர் வரும்வரை கண்ணாடியைக் கழற்றிக் கையிலேயே வைத்திருந்தாள்.

இங்கே உங்களிடம் ஒன்று சொல்லியாக வேண்டும். அவள் போட்ட கணக்கு பலிக்கவில்லை. அவள் எதிர்பார்த்த ஆலைகளில் பாதி வரவே இல்லை. வந்தது வேறொன்று. பிள்ளைகள் வளைகுடாவுக்குப் போனார்கள். அங்கிருந்து குளிர்பெட்டி வந்தது, மிக்ஸி வந்தது, பிறகு தொலைக்காட்சி. வீட்டுக்கு வீடு மின்சாரம் இழுத்தது. எண்பதுகளின் தொடக்கத்தில், சாயங்கால நேரத்து இழுப்பைத் தாங்காமல் ஊர் ஊராக விளக்கு மங்கியது. இதை ஹால்வர்சனும் எதிர்பார்க்கவில்லை, ரத்னாபாயும் எதிர்பார்க்கவில்லை. கணக்கு தவறினாலும் இடம் விட்டு வைத்திருந்தாள், அது உதவியது.

குளத்தை இறைத்தார்கள். மூன்றாவது இயந்திரத்துக்கு யாரிடமும் கடன் கேட்கவில்லை. நம் நாட்டு ஆலையில் வார்த்து, நம் ரயிலில் கொண்டுவந்து, நம் பொறியாளர்கள் இறக்கி வைத்தார்கள். அதன் சுழலி குழிக்குள் மெல்ல இறங்கி, மயிரிழை பிசகாமல் அமர்ந்தபோது கூடத்தில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். ரத்னாபாய் அப்போது தலைமைப் பொறியாளர். கைதட்டவில்லை. பாறைச் சுவரில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றாள். அந்தச் சுவர் தன்னுடையது என்று அவளுக்கு அன்று தோன்றியது. அதை அவளே என்னிடம் சொன்னாள், கொஞ்சம் வெட்கத்தோடு.

9

முடிவுகள்.

அ. தொடக்க விழா. மந்திரி பேசுகிறார், அவள் பெயரைச் சொல்ல மறந்துவிடுகிறார். முதல் வரிசையில் இருந்த கிழவர் நாகேஸ்வரன் எழுந்து— (கண்ணீர் வரும். வேண்டாம்.)

ஆ. பனிநாட்டிலிருந்து ஹால்வர்சன் வருகிறார், விஜயம் அவருக்கு— (அவர் 1978லேயே இறந்துவிட்டார்.)

இ. ஓய்வு பெற்ற ரத்னாபாய் தன் வீட்டு விளக்கடியில்— (இதை முடிக்க எனக்கே கூச்சமாக இருக்கிறது.)

மூன்றையும் எடுத்துக்கொண்டு ஸ்ரீவராகத்தில் அவள் வீட்டுக்குப் போனேன். எது பிடித்திருக்கிறது என்று கேட்டேன். படித்தாள். கண்ணாடி மூக்கின் மேலேயே இருந்தது, எனக்கு நிம்மதி.

"எல்லாத்துலயும் வேலை முடிஞ்சாப்பல எழுதியிருக்கீங்களே," என்றாள். "மூணும் ஓடுது. இந்த வருஷமே போதல்ல. வடக்க ஒரு ஆறு பார்த்து வச்சிருக்கேன். பணம் தர ஒரு கூட்டம் அடுத்த வாரம் வருது, இந்தத் தடவை வேற நாடு. என்னை ஆலோசனைக்குக் கூப்பிட்டிருக்காங்க."

"என்ன சொல்லப் போறீங்க?"

"அவங்க என்ன சொல்லுதாங்கன்னு மொதல்ல கேக்கணும்லா?"

காகிதங்களை என்னிடம் நீட்டிவிட்டு, வாசல்வரை வந்தாள். அடுத்த வாரம் அந்த மேஜைக்கு எதிரே யார் உட்காருவார்கள், எத்தனை குழி என்பார்கள், எனக்குத் தெரியாது. நான் அங்கே இருக்க மாட்டேன். வேண்டுமானால் நீங்கள் போய் ஒரு நாற்காலி போட்டு உட்காருங்கள். அவள் எழுந்து நின்றால் அறையில் இருக்கிற எல்லோரையும் பாருங்கள், அவளை மட்டும் பார்க்காதீர்கள். பேனாவை மூடப் போகிறவர் யார் என்று—