கைபடாத கிடார்

நான் கோபக்காரன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் என்னைக் குறை சொல்லவேண்டாம்.

திருநெல்வேலியில் ஒன்றுக்கொன்று ஆகாத மூன்று மெல்லிசைக் குழுக்கள் இருந்தன. தொண்ணூற்று ஐந்தில், அந்த மூன்றிலும் இருந்த கெட்டிக்காரர்களைப் பிய்த்தெடுத்து ஒரே குழு ஆக்கினான் மேலப்பாளையம் அலி அஸ்கர். கீபோர்டும் ஆண் குரலும் அவன். டிரம்ஸ் இன்பமணி. பாட்டு சித்ரலேகா. கிடார் நான், சிவசங்கரன். 'பொருநை நால்வர்' என்று பெயர். சைவக்குரவர் நால்வரை வைத்து விளையாடுகிறாயா என்று அப்பா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. பேசாவிட்டால் போகட்டும்! ஒரே வருஷத்தில் கடையத்திலிருந்து கொற்கை வரை எந்தக் கோயில் கொடைத் திருவிழாவுக்கும் எங்களைத்தான் கேட்டார்கள். அம்பாசமுத்திரத்தில் இடமில்லாமல் லாரி மேல் ஏறி நின்று கேட்டார்கள்.

ஐப்பசியில், நான் வேலை பார்த்த பேட்டைப் பட்டறையில் என் இடது மோதிரவிரல் லேத்தில் சிக்கியது. ஐந்து தையல். கம்பியை அழுத்துகிற விரல். வேறொருத்தன் வந்து நின்றுவிட்டால் என் இடம் போயிற்று என்ற பயத்தில் பத்தாம் நாளே மேடை ஏறினேன். உவரியில் என் கிடாருக்கே ஒன்ஸ் மோர் கேட்டார்கள். விரல் தேறிவிட்டது, நம்மை அடிக்க ஆள் ஏது என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன்.

சித்திரைக் கொடைக்குப் போஸ்டர் வந்தது. அலி படம் பானை அளவு. என் படம் தபால்தலை அளவு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அச்சகத்துக்காரன் செய்த வேலை என்று அலி சொன்னான். யார் நம்புவது? மூன்றாவது பாட்டில் கிடார் தனியாக வருகிற இடம் ஒன்று உண்டு. அங்கே வாசிக்காமல் நின்று, ஊர் முன்னால் அவன் மூக்கை உடைப்பது என்று முடிவு செய்தேன்.

நள்ளிரவுச் சாமக்கொடைப் பூசைக்கு முன்னால் முடிக்கவேண்டும் என்பதால் சாயங்காலமே கச்சேரி ஆரம்பித்தது. பாட்டுக்குப் பின்னணியாக வயலின்களை அலி வீட்டிலேயே வாசித்து பிளாப்பி டிஸ்க்கில் பதிந்து வருவான். கீபோர்டில் அது ஓட, அதை ஒட்டி நாங்கள் வாசிப்போம். மூன்றாவது பாட்டு. என் இடம் வந்தது. கையை எடுத்தேன்.

ஒரு நொடி அமைதி. அலி பதறி என் விரலைப் பார்த்தான். அவன் கை கீபோர்டில் எதையோ தள்ளியது. கிடார் ஒலித்தது!

யாத்தே! என் வாசிப்பேதான், கீபோர்டில் அச்சடித்ததுபோல. இரண்டாவது வரியில் நான் எப்போதும் அரை மாத்திரை பிந்துவேன். அங்கேகூட அப்படியே பிந்தியது. என்னை அறியாமல் இரண்டு கையையும் தூக்கிவிட்டேன். கூட்டம் பார்த்துவிட்டது. விசில் பறந்தது.

"ஏலே, கை படாமலே வாசிக்காம்லே!"

பாட்டு முடிந்ததும் இன்பமணி எழுந்தான். "என் டிரம்ஸும் அதுக்குள்ள இருக்கா?"

அலி தலையைக் குனிந்தான். "இருக்கு. வீட்டுல தாளத்துக்குப் போட்டது."

இன்பமணி குச்சிகளை வீசி எறிந்தான். "அப்ப என் தொண்டையை மட்டும்தான் ஏத்த முடியலையோ?" என்று கேட்டாள் சித்ரலேகா.

கொடைக் கமிட்டித் தலைவர் தில்லைநாயகம் அண்ணாச்சி மேடைக்கே வந்துவிட்டார். "வார வருசத்துக்கு இந்தப் பெட்டியும் பாடுத பிள்ளையும் போதும்வே. இவனுவ ரெண்டு பேரும் எதுக்கு, அழகுக்கா?"

"வந்தா நாலு பேரும் வருவோம் அண்ணாச்சி. இல்லன்னா நானும் இல்லை," என்றான் அலி.

"நடிக்காதலே, கள்ளப்பயலே!" என்று கத்தினேன். "எதுக்குலே என் வாசிப்பைத் திருடுன? சொல்லு!"

மைக் திறந்திருந்தது. ஊரே காது கொடுத்து நின்றது. அவன் மைக்கைப் பார்த்தான், என் கையைப் பார்த்தான், வாயைத் திறக்கவில்லை. கிடாரைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன். இன்பமணி எனக்கும் முன்னால் போய்விட்டான். பொருநை நால்வர் அன்றோடு முடிந்தது.

மூன்று மாதம் கழித்து, என் கிடார் வயர் அவன் வீட்டில் கிடக்கிறதே என்று மேலப்பாளையம் போனேன். அவன் தங்கை ஷம்ஸியா கதவைத் திறந்தாள்.

"அலி காக்கா துபாய்க்குப் போயிட்டாவ. ஒங்க சாமானையெல்லாம் எடுத்து வச்சிருக்காவ."

பையில் வயரோடு ஒரு பிளாப்பி இருந்தது. அதில் ஒட்டியிருந்த தாளில் அவன் கையெழுத்து: 'சிவா கிடார். விரல் ஆறும் வரைக்கும் மட்டும். யாருக்கும் தெரியவேண்டாம்.' அதற்குக் கீழே ஒரு தேதி. உவரிக் கச்சேரித் தேதி.

வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"என்னண்ணே, தண்ணி கொண்டாரட்டா?" என்று பதறினாள் அவள்.

மைக் முன்னால் அவன் உண்மையைச் சொல்லியிருந்தால், என் விரல் ஒன்றுக்கும் உதவாது என்று ஊருக்கே தெரிந்திருக்கும். என் மானத்துக்காகத் திருட்டுப்பட்டம் வாங்கிக்கொண்டு போயிருக்கிறான். நாசமாய்ப் போகிற என் கோபம்!

மோதிரவிரலை மடக்கிப் பார்த்தேன். பாதிதான் மடங்கியது. உவரியிலும் அவ்வளவுதான் மடங்கியிருக்கும். அங்கே ஒன்ஸ் மோர் வாங்கியது அவன் பிளாப்பி. எனக்குத்தான் தெரியவில்லை.