சிவப்புக் கார், சாம்பல் கார், ஓர் ஆடு

1

இந்தக் கதை கதையாகப் பிறக்கவில்லை. சித்தப்பா என்னிடம் கேட்டது ஓர் ஒப்பீட்டுக் கட்டுரை.

"நீதான் எந்நேரமும் புத்தகமும் கையுமா இருக்கியே, ரெண்டு காரையும் பக்கத்துல பக்கத்துல வச்சு அழகா எழுதிக் குடு. நான் வாயால சொன்னா உங்க சித்தி காதுல போட்டுக்க மாட்டா. எழுத்துல இருந்தா படிப்பா" என்றார். தலைப்புகளையும் அவரே தந்தார்: வேகம், எரிபொருள் சிக்கனம், அன்றாட வசதி.

நான் இப்படித் தொடங்கினேன்:

"சாம்பல் காரைவிடச் சிவப்புக் கார் சட்டென்று வேகம் எடுக்கிறது. இரண்டிலும் நான்கு சக்கரங்களுக்கும் விசை போவதால், மழையிலும் பனியிலும்

அங்கே கை நின்றுவிட்டது. அந்த வாக்கியத்தை இன்னும் முடிக்கவில்லை. மேற்கோள் குறியைக்கூட மூடாமல் அப்படியே விட்டிருக்கிறேன். பனி என்று எழுதியதுமே அந்தச் சொல்லுக்குள் சித்தி உட்கார்ந்திருப்பது தெரிந்துவிட்டது.

2

இரண்டாவது தொடக்கம்:

"கணவாயின் மேல் பனி விழுந்துகொண்டிருந்தது, எவரையும் அறியாத, எவருக்காகவும் காத்திராத"

(இதுவும் வேண்டாம். எங்கள் ஊரில் ஆண்டுதோறும் பனி விழுகிறது. ஆனாலும் நான் முதலில் நம்பியது மொழிபெயர்ப்பு நாவல்களில் விழும் பனியைத்தான். அந்தப் பனியில் எப்போதும் ஓர் அந்நியன் நடந்து வருவான். எங்கள் கதையில் வருவது ஒரு நாய்க்கூண்டும் மடக்குக் கட்டிலும் நானும்தான்.)

மூன்றாவது தொடக்கம், நேராக:

என் சித்தி கால்நடை மருத்துவர். போன குளிர்காலத்தில், பிரசவத்தில் தவித்த ஓர் ஆட்டைப் பார்க்கக் கணவாய் வழியாகப் போனபோது, ஒரு வளைவில் கார் வழுக்கிச் சரிவில் இறங்கிவிட்டது. சித்திக்கு ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் அவள் போய்ச் சேர்வதற்குள் ஆடு செத்துவிட்டது. அதற்குப் பிறகு அவள் ஸ்டீயரிங்கைத் தொடவில்லை. பேருந்தில் ஏறிப்போய், ஊருக்குள் பூனைக்கும் நாய்க்கும் ஊசி போடுகிறாள்.

இப்போது கணவாய்க்கு அப்பால், ஆடு வளர்ப்பவர்களின் மருத்துவமனையில் ஒரு வேலை வந்திருக்கிறது. அவள் பல வருடங்களாக ஆசைப்பட்ட வேலை. அங்கே பேருந்து போகாது. வருகிறாளா இல்லையா என்று நாளைக்குள் சொல்ல வேண்டும்.

இதுதான் இந்தக் கதையில் நடக்க வேண்டியது. கார்கள் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

3

சித்தப்பாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் முடிவு உங்களுக்கு எட்டாது.

அவர் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். கண் பரிசோதனையும் அவரே செய்வார். இருட்டு அறையில் வாடிக்கையாளரின் கண்முன் ஒரு வில்லையை வைப்பார், திருப்புவார். "முதல்லதா, ரெண்டாவதா?" மறுபடி திருப்புவார். "இப்ப? முதல்லதா, ரெண்டாவதா?" இந்தக் கேள்வி கடையைப் பூட்டியதும் அவரோடு வீட்டுக்கு வந்துவிடும். திரைச்சீலை, சட்டை, சாம்பாரில் உப்பு, (சாம்பாரை எடுத்துவிடுகிறேன், இந்தக் கதை எந்த ஊரிலும் நடக்கலாம் என்று இருக்கட்டும்) குழம்பில் உப்பு, எல்லாவற்றுக்கும் அதே கேள்விதான்.

ஒருமுறை என் கண்ணைச் சோதித்தபோது, "ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியுது சித்தப்பா" என்று பயந்துபோய்ச் சொன்னேன். தப்பாகச் சொல்லிவிட்டோமோ என்று இருந்தது. அவர் விளக்கைப் போட்டுவிட்டார்.

"அவ்வளவுதான், முடிஞ்சுது. இந்தப் பதிலுக்குத்தான் இவ்வளவு நேரம் கேட்டுட்டே இருந்தேன்."*

* சரியான வில்லை வந்து சேர்ந்த இடத்தில், இரண்டு பக்கம் திருப்பினாலும் ஒரே அளவுதான் தெரியுமாம். எனக்கு இது இன்றுவரை வியப்பு: வித்தியாசம் தெரியாமல் போகும் இடத்துக்காகவே ஒரு மனிதர் நாள் முழுக்க வித்தியாசம் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

4

ஷோரூம். சித்தப்பா நாய்க்கூண்டு, மடக்குக் கட்டில், மருந்துப் பை என்று சித்தியின் சாமான்களை எல்லாம் கொண்டுவந்து இரண்டு கார்களிலும் ஏற்றி இறக்கினார். கடைசியில் என்னைப் பார்த்தார்.

"ஆடு வேணும். நீ ஏறிப் படு."

"சித்தப்பா!"

"சினை ஆட்டுக்கு உன்னவிடக் கொஞ்சம் எடை கூடதான். பரவால்ல, பையையும் பிடிச்சுக்க."

விற்பனையாளர் கோட்டைச் சரிசெய்துகொண்டு ஓடி வந்தார். "சார், டிக்கியில ஆளெல்லாம்..."

"ஆள் இல்லீங்க, நோயாளி" என்றாள் சித்தி. அன்று அவள் பேசிய முதல் வார்த்தை அது. பிறகு குனிந்து என் தாடையைத் தூக்கிப் பார்த்து, "ஈறு வெளுத்திருக்கு. காலையில ஒழுங்கா மேயலையாடி?" என்று கேட்டாள்.

நான் மே என்றேன். விற்பனையாளர் சிரிக்கலாமா என்று தெரியாமல் டயரைப் பார்த்தார்.

5

சாம்பல் கார். உயரமானது. பேட்டரியும் பெட்ரோலும் சேர்ந்து இழுக்கும் வகை. சித்தப்பாவின் கணக்கில் சிவப்பு குடிப்பதில் முக்கால்வாசிதான் குடிக்கும். வெளியே பனிமழை அடிக்க, உள்ளே ஒருவர் மூச்சு மற்றவருக்குக் கேட்டது. நான் பின்சீட்டில் ஒழுங்காக, முன்னால் பார்த்து உட்கார்ந்திருந்தேன். சித்தப்பா கணவாய் வரை ஓட்டிப் பார்த்தார். அந்த வளைவு வந்தபோது சித்தி தன் முழங்கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் பார்த்தேன். எல்லாவற்றையும் பார்த்ததாலோ என்னவோ, எழுத இதற்குமேல் ஒன்றும் இல்லை.

6

சிவப்புக் கார். தாழ்வானது, அகலமானது. மிதித்தால் முதுகில் யாரோ கைவைத்துத் தள்ளுவது போலிருக்கும். கூண்டுக்காகப் பின்சீட்டை மடக்கியதால் எனக்குக் கிடைத்தது டிக்கியை ஒட்டி நிமிர்த்தி வைக்கும் ஒரு சின்ன இருக்கை. பெல்ட் உண்டு. ஆனால் அது பின்கண்ணாடியைப் பார்த்துப் போட்டது. சாலை வந்து, போன பிறகுதான் எனக்குத் தெரியும்.

ஆகவே வாசகரே, இந்தக் கதையின் மிக முக்கியமான பகுதியில் நான் எதிர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தேன்.

வளைவுக்கு முன்னால் கார் நின்றது. என் முதுகுக்குப் பின்னாலிருந்து குரல்கள்:

"ஏன் நிறுத்தச் சொன்ன? தலை சுத்துதா?"

"காலையிலேருந்து பாக்குறேன். ரெண்டு கார்லயும் சீட்டு உங்க காலுக்குத்தான் இருக்கு. கண்ணாடி உங்க கண்ணுக்குத்தான் இருக்கு. ஆட்டைக்கூட ஏத்திப் பாத்துட்டீங்க. என்னைய ஒரு தடவ உக்காந்து பாருன்னு சொன்னீங்களா?"

வைப்பர் போய்ப் போய் வந்தது.

"நான் தினமும் கொண்டுபோய் விட்டுட்டு, சாயங்காலம் வந்து..."

"கடைய?"

"அத மூடிடலாம்னு..."

"மூடிட்டு? ஊர்ல பாதிப் பேரு கதவுல முட்டிக்கிட்டு அலையணுமா? இறங்குங்க."

(சித்தப்பா எதையும் ஒப்பிடாமல் விடமாட்டார். மூன்று தலைப்பின் கீழும் ஓட்டுகிறவர் அவரேதான் என்பதை மட்டும் அவர் கவனிக்கவில்லை, நானும்தான். என் கட்டுரையின் அந்த முடியாத வாக்கியத்திலும் ஓட்டுபவர் யாருமில்லை.)

கதவுகள் திறந்தன, குளிர் புகுந்தது, கதவுகள் மூடின. இருக்கை முன்னால் நகரும் ஓசை. கண்ணாடியைத் திருப்பும் ஓசை. பிறகு:

"ஏய் ஆடு, பெல்ட் போட்டிருக்கியா?"

"மே."

கார் கிளம்பியது. என் கண்ணெதிரே வெள்ளைத் தரையில் இரண்டு கோடுகள் பிறந்து நீளத் தொடங்கின. வளைவு வந்தது எனக்குத் தெரியவில்லை. கோடுகள் வளைந்தபோதுதான் தெரிந்தது. நடுவில் அவை சட்டென அகன்று, பக்கவாட்டில் இழுபட்டன. உடல் எங்கோ போயிற்று. அப்போது சித்தியின் குரல் கேட்டது. பிரசவ வலியில் இருக்கும் ஆட்டிடம் அவள் பேசும் குரல். காரிடம்தான் பேசினாள்.

"வா... வா தங்கம்... அவசரமே இல்ல... அப்படித்தான்... அதோ வந்துட்டியே..."

நான்கு சக்கரங்களும் ஒவ்வொன்றாகத் தரையைத் தேடிக் கண்டுபிடிப்பதை என் இடுப்பெலும்பில் உணர்ந்தேன். ஒன்று பிடித்தது, இன்னொன்றுக்குச் சொன்னது, அது அடுத்ததற்குச் சொன்னது. கோடுகள் மறுபடி நேராயின. அந்த வளைவு என் கண்முன்னால் சின்னதாகி, பனிக்குள் போயிற்று. அது அவ்வளவு சின்னது என்று அதுவரை எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது.

(அந்த நொடியில் சித்தியின் முகத்தை எழுத முயன்றேன். கண்ணீர் வைத்தேன், எடுத்தேன். புன்னகை வைத்தேன், அதையும் எடுத்தேன். நான் பார்க்கவில்லை. அவள் முகம் இருந்த இடத்தைக் காலியாக விடுகிறேன்: . அந்த இடத்தில் உங்களுக்குத் தெரிந்த ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள்.)

7

கணவாயின் உச்சியில் நிறுத்தினாள். பனிமழை அங்கே நின்றிருந்தது. கீழே அந்தப் பள்ளத்தாக்கு முழுவதும் திறந்து கிடந்தது. யாரோ இப்போதுதான் செய்து முடித்து, காய வைத்திருப்பது போல. வெள்ளைக்குள் அழுக்கு வெள்ளையாகச் சில புள்ளிகள் நகர்ந்தன. ஆடுகள். நாங்கள் மூவரும் இறங்கினோம். எதையும் எதோடும் ஒப்பிடாமல் சித்தப்பா நின்றதை நான் பார்த்தது அன்றுதான்.

ரொம்ப நேரம் அல்ல. காருக்குள் எட்டிப் பார்த்தார்.

"ஏத்தத்துல நல்லா குடிச்சிருக்கு."

"நான்தான் மிதிச்சேன்."

"சாம்பல்ல டிக்கி உயரம். கூண்டு சுலபமா ஏறும். இது ஓட்ட நல்லாருக்கும், ஆனா..." பழக்கத்தில் கேட்டுவிட்டார். "முதல்லதா, ரெண்டாவதா?"

சித்தி கையுறையைக் கழற்றி, கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவை நடுங்கவில்லை.

"ரெண்டும் ஒண்ணாத்தாங்க இருக்கு."

சித்தப்பா அடுத்த கேள்விக்காக வாயைத் திறந்தவர், மூடிக்கொண்டார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, தெளிவாகவே இருந்த கண்ணாடியைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

8

அங்கிருந்தே சித்தி மருத்துவமனைக்குப் போன் செய்தாள். "வர்றேங்க. ஆமா, நானேதான் ஓட்டிட்டு வருவேன்."

எந்தக் காரை வாங்கினார்கள்?

ஒரு முடிவில் அது சிவப்பு. பெட்ரோல் பங்கில் நிற்கும்போதெல்லாம் சித்தப்பா வானத்தைப் பார்க்கிறார். இன்னொரு முடிவில் சாம்பல். அதன் டிக்கியில் நிஜ ஆடு ஒன்று ஏறி, நான் படுத்திருந்ததைவிட நாகரிகமாகப் படுத்துக்கொள்கிறது. இரண்டையும் எழுதிப் பார்த்தேன். இரண்டும் சரியாக இருந்தன.

"எழுதி முடிச்சிட்டியா?" என்று இப்போது சித்தப்பா அடுத்த அறையிலிருந்து கேட்கிறார். கடைக்குக் கிளம்பிக்கொண்டிருக்கிறார்.

ஜன்னலுக்கு வெளியே பனி. வாசலில் கார் நிற்கிறது, முழுக்க மூடிப்போய், நிறம் தெரியவில்லை. உயரத்தை வைத்துச் சொல்லலாமே என்பீர்கள். என் மூச்சுப் பட்டு ஜன்னலின் கீழ்ப்பாதி மங்கியிருக்கிறது, துடைக்கப் போவதில்லை. சித்தி துடைப்பத்தோடு படியிறங்கிப் போகிறாள். அவசரமில்லாமல் கூரையின் மேல் கையை வைக்கிறாள், முதல் வீச்சுக்குத் துடைப்பத்தை ஓங்குகிறாள்.

முதல்லதா, ரெண்டாவதா?