அரைக் கோப்பைக் காப்பி, பத்துத் தோட்டா

கேப்டன் நார்பர்ட் குல்க் எந்தப் படையிலும் கேப்டனாக இருந்தவரல்ல. நாற்பது வருடங்களுக்கு முன் ஸ்ப்ரூஸ் ஏரி ஊரின் பௌலிங் அணிக்கு, அதாவது பந்தை உருட்டி மரக்கட்டைகளைச் சாய்க்கிற அணிக்கு, ஒரே ஒரு பருவம் தலைமை தாங்கினார். அந்தப் பருவத்தில் அணி கடைசி இடம் பிடித்தது. அணி கலைந்தது, பட்டம் கலையவில்லை. இப்போது அவர் ஊர்த் துப்பாக்கிக் கழகத்தின் தலைவர். கழகத்தில் இருபத்தெட்டு உறுப்பினர்கள். அவருடைய மேற்சட்டையில் முப்பத்தொரு பேட்ஜ். ஆளுக்கொன்று கழற்றிக் கொடுத்தாலும் மூன்று மிஞ்சும்.

ஆர்டிஸ் வெண்ட்லாண்டிடம் ஒரு பேட்ஜும் கிடையாது. வாரத்தில் ஐந்து நாள் பள்ளிப் பேருந்து ஓட்டுவாள். வெள்ளி இரவும் சனிக்கிழமையும் ஏரிக்கரை உணவகத்தில் மீன் பொரிப்பாள். அவளுக்கென்று மிச்சமிருந்தது ஞாயிறு காலை ஒன்றுதான். அதைத் தன் சின்ன ரைஃபிளோடு கழகத்துத் திடலில் கழிப்பது அவள் வழக்கம். கைத்துப்பாக்கியில் போடுகிற அதே குட்டித் தோட்டாவைத் தின்கிற ரைஃபிள் அது. முனையில் கையளவு நீளத்தில் ஒரு சைலன்சர்.

அந்த ஞாயிறு இரண்டு வருடமாக அவளுக்கு இல்லை. திடலுக்கு அரை மைல் தள்ளி, பைன் மரங்களுக்கு அந்தப் பக்கம் குடியிருக்கும் ஐரீன் டோர்ஸ்டாட், ஞாயிறு காலையில் வெடிச்சத்தம் தாங்கவில்லை என்று ஊர்மன்றத்துக்கு எழுதிப்போட, மன்றம் திடலைப் பூட்டிவிட்டது. ஐரீன் நாற்பது வருடம் பியானோக்களுக்குச் சுருதி சேர்த்துப் பிழைத்தவர். அந்தக் காதோடு வழக்காட யாருக்கும் துணிவில்லை.

ஆர்டிஸ் வழக்காடப் போகவில்லை. ஆப்பிள் பணியாரம் ஒரு தட்டு எடுத்துக்கொண்டு போனாள். சைலன்சர் மாட்டிய ரைஃபிள்கள் மட்டும், எட்டு மணியிலிருந்து பதினொன்று வரை என்று மன்றத்துக்கு எழுதிய விண்ணப்பத்தில் கையெழுத்துக் கேட்டாள்.

"ஒரே ஒரு தடவை கேட்டுப் பாப்பேன்," என்றார் ஐரீன். "வாசல்ல உக்காந்து ஒரு கப் காப்பி குடிப்பேன். காப்பி தீர்றதுக்குள்ள ஏதாவது காதுல விழுந்தா கையெழுத்து கிடையாது. இந்தக் குளிர்ல ரெண்டு தடவை எல்லாம் என்னால உக்கார முடியாது."

அன்றிரவு ஆர்டிஸ் துணி துவைக்கும் அறையில் உட்கார்ந்தாள். துவைக்கிற இயந்திரத்துக்கும் உலர்த்துகிற இயந்திரத்துக்கும் நடுவில்தான் அவளுடைய தோட்டா மேசை. சுட்டு முடித்த பித்தளைக் கூடுகளைத் தேய்த்துப் பளபளவென்று வைத்திருந்தாள். கூட்டின் அடியில் பொறி தருகிற புதுப் பொட்டு அழுத்தி, குருணை போன்ற வெடிமருந்தை ஒவ்வொன்றாக நிறுத்துப் போட்டு, விளக்கைத் திருப்பி உள்ளே எட்டிப் பார்த்து, ஈயக் குண்டைக் கூட்டின் வாயில் வைத்து நெம்புகோலை இறக்கினாள்.

கணவன் ட்வேன் சலவைத் துணிக் கூடையோடு கதவில் சாய்ந்து நின்றான்.

"குழம்புக்கு உப்பு கண்ணால அளக்குறவ. இங்க மட்டும் தங்கம் நிறுக்குற மாதிரி நிறுக்குற."

"குழம்பு கெட்டா உன் வயிறுதான் கெடும். இது கெட்டா சைலன்சர் போயிடும். அதுக்கு அனுமதி வர நான் ஒம்பது மாசம் காத்திருந்தேன்."

"எனக்கு எவ்வளவு நாள் காத்திருந்த?"

"உனக்கா? ரெண்டு வாரம். அதுவும் உங்கம்மா ஊருக்குப் போயிருந்ததால."

சைலன்சர் எல்லாச் சத்தத்தையும் விழுங்கிவிடும் என்று வெளியார் நினைப்பார்கள். அது விழுங்குவது மருந்து வெடிக்கிற சத்தத்தை மட்டுமே. குண்டு, சத்தத்தைவிட வேகமாக ஓடினால், போகிற வழியெல்லாம் சவுக்கு சொடுக்குகிற மாதிரி ஒரு சொடுக்கு எழும். அதை எந்தச் சைலன்சராலும் விழுங்க முடியாது. ஆகவே தோட்டாவைக் கையாலேயே செய்து, கனமான குண்டும் குறைந்த மருந்துமாக, ஓட்டத்தை அடக்க வேண்டும். ரொம்ப அடக்கினால் குண்டு குழலுக்குள்ளேயே தங்கிவிடும். இடையில் ஒரு பதம் இருக்கிறது.

அந்தப் பதத்திலும் ஒரு வம்பு உண்டு என்பதைப் போன ஜனவரியில்தான் ஆர்டிஸ் கற்றாள். மைத்துனனின் பண்ணையில், ஆகஸ்டில் பூனை நடையாகப் போன அதே தோட்டாக்கள் பனியில் சொடுக்கின. சைலன்சர் உடைந்துவிட்டதென்று கழற்றிப் போட்டுப் பார்த்தாள், ரைஃபிளைத் திட்டினாள், மைத்துனனையும் திட்டினாள். கடைசியில்தான் சுவரில் தொங்கிய வெப்பமானி கண்ணில் பட்டது. குளிரில் சத்தமே தளர்ந்துதான் நடக்கிறது. குண்டு அதைவிடத் தளர்ந்து நடக்க வேண்டும். அன்றிலிருந்து அவளுடைய தோட்டாக்கள் எந்தக் குளிருக்கும் இடம் விட்டு, சோம்பேறித்தனமாக, நொடிக்குத் தொள்ளாயிரத்து ஐம்பது அடிக்கு மேல் ஓடுவதில்லை.

சனிக்கிழமை காலை, உணவகத்துக்குப் போகும் வழியில், கழகக் கொட்டகையில் இதை அவள் சொன்னபோது கேப்டன் சிரித்தார். சோதனை என்று காதில் விழுந்ததுமே, அதைத் தலைவரே நடத்துவதுதான் முறை என்று அவர் தீர்மானித்திருந்தார். ரைஃபிளும் அவருடையது, கடையில் பெட்டியாக வாங்கிய தோட்டாவும் அவருடையது. பையிலிருந்து பிளாஸ்டிக் உறை போட்ட ஓர் அட்டையை எடுத்தார்.

"பாரு. ஒலியோட வேகம், நொடிக்கு ஆயிரத்து நூத்தி இருபத்தஞ்சு அடி. என் தோட்டா ஆயிரத்து நூத்தி பன்னெண்டு. ஜூலை மாசம் நானே அளந்தது. பதிமூணு அடி மிச்சம். இதுக்குப் பேருதான் துல்லியம்."

அளந்தது உண்மைதான். அதற்காகவே கழகம், குழலுக்கு முன்னால் வைத்துக் குண்டின் ஓட்டத்தை அளக்கிற வேகமானி ஒன்றை மூன்றாவது முறையாக வாங்கியிருந்தது. முந்தைய இரண்டையும் கேப்டன் சுட்டுவிட்டார். கண் வைக்கிற குழாய் மேலே, குண்டு வருகிற குழல் இரண்டங்குலம் கீழே என்பது எல்லோருக்கும் ஆயுளில் ஒருமுறை மறந்துபோகும்.

"அந்த அட்டைக் கணக்கு சட்டையைக் கழட்டிப் போட்டு உக்கார்ற நாளுக்கு, கேப்டன். நாளைக்குக் காலைல ஏரியே உறைஞ்சு கெடக்கும்."

"இயற்பியல் விதிக்குக் கோடை, குளிர்னு கிடையாதும்மா."

"அந்தம்மா ஒரு தடவைதான் கேப்பாங்க. ஒரே ஒரு சொடுக்கு போதும், என் ஞாயித்துக்கிழமை போச்சு."

"உன் ஞாயித்துக்கிழமை பத்திரமான கைல இருக்கு," என்றார் கேப்டன், கையை பேட்ஜுகள் மேல் வைத்து.

ஞாயிறு எட்டு மணிக்கு மூக்கு முடியெல்லாம் உறைந்தது. ட்வேன் தொலைபேசியோடு ஐரீனின் வாசலில் போய் உட்கார்ந்தான். திடலில் கேப்டனும் ஆர்டிஸும் மட்டும். இருவர் தலையிலும் ஆரஞ்சு நிறக் காதுறை. சைலன்சரே இருந்தாலும் காதுறை இல்லாமல் யாரும் நிற்கக் கூடாது என்பது கேப்டன் எழுதிய விதி. ஆகவே இந்தக் கழகத்தில் தோட்டா எவ்வளவு அமைதி என்று இதுவரை யாருக்கும் தெரியாது.

கேப்டன் மெகாஃபோனைத் தூக்கினார். பொது நீச்சல்குளத்தை மூடியபோது ஏலத்தில் எடுத்தது.

"சுடும் வரிசை கவனிக்க! வலப்பக்கம் தயாரா? இடப்பக்கம் தயாரா?"

இரண்டு பக்கமும் பனி தயாராக இருந்தது. அவர் மெகாஃபோனை வைத்துவிட்டு உட்கார்ந்து, தம்முடைய ஆணைக்குத் தாமே கீழ்ப்படிந்து ஐந்து முறை சுட்டார். காதுறைக்குள் ஆர்டிஸுக்கு 'பொத் பொத்' என்றுதான் கேட்டது. ஆனால் ஒவ்வொரு முறையும் பைன் மரத்திலிருந்து ஒரு கூட்டம் காக்கை எழும்பியது.

கேப்டன் காதுறையைக் கழற்றிக்கொண்டு முகமெல்லாம் மலர்ந்தார். "பாத்தியா? காக்காகூட எவ்வளவு அமைதியா பறக்குது!"

மேசை மேல் தொலைபேசி அதிர்ந்தது. ஆர்டிஸ் காதுறையை ஒருபக்கம் தள்ளிவிட்டு எடுத்தாள்.

"ஆர்டிஸ், அந்த ஆளை நிறுத்து," என்றான் ட்வேன். "வீட்டுக்கு முன்னாடி நின்னு யாரோ சாட்டை சொடுக்குற மாதிரி இருக்கு. அஞ்சையும் அவங்க எண்ணிட்டாங்க. மூணாவதுல மட்டும் சுருதி கொஞ்சம் ஏறியிருந்துச்சாம்."

"எந்திரிச்சுட்டாங்களா?"

"எந்திரிக்கப் பாக்குறாங்க."

"காப்பி தீர்ற வரைக்கும்னுதான பேச்சு? எவ்வளவு மிச்சம் இருக்கு?"

"அரைக் கப்."

"குடிக்க விடாத. பியானோ பத்தி எதையாவது கேளு."

"எனக்குப் பியானோ பத்தி என்னடி தெரியும்?"

"அதனாலதான் கேக்கச் சொல்றேன்!"

கேப்டன், அது எதிரொலி என்றார். பிறகு காற்றின் ஈரம் என்றார். பிறகு பியானோக்காரர்களின் காது பற்றி ஏதோ சொல்ல வந்தார். ஆர்டிஸ் அவர் இடத்தில் உட்கார்ந்து தன் ரைஃபிளில் பத்துத் தோட்டா அடைத்துக்கொண்டிருந்தாள்.

"நான் சுடப் போறேன், கேப்டன்."

"ஆணை குடுக்காம சுட முடியாது. விதி."

"அப்ப சீக்கிரம் குடுங்க, காப்பி ஆறுது!"

சீக்கிரமாக ஆணை கொடுப்பது கேப்டனுக்குத் தெரியாத ஒரே வித்தை. மெகாஃபோனை எடுத்தார், தொண்டையைச் சரிசெய்தார், அந்தச் செருமலும் பைன் மரங்களைத் தாண்டிப் போனது. வலப்பக்கத்தைக் கேட்டார், பதிலுக்குக் காத்திருந்தார். இடப்பக்கத்தைக் கேட்டார், அதற்கும் காத்திருந்தார். தோல்வியை மறைக்க வேண்டியிருந்ததால் இந்த முறை இன்னும் உரக்கக் கத்தினார். ஆர்டிஸ் ஒவ்வொரு நொடியும் ஒரு மிடறாக எண்ணிக்கொண்டிருந்தாள்.

"சுடலாம்!"

பத்தும் போயின. அவசரப்படாமல், மூச்சுக்கு ஒன்றாக. தோளில் மெல்லிய தட்டல், தாளில் ஒரு துளை, பனியில் ஒரு பித்தளைக் கூடு. ஆறாவதுக்குப் பிறகு அவள் தாளைவிட்டு மரத்தைப் பார்த்தாள். காக்கைகள் திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டிருந்தன.

அவள் காதுறையைக் கழற்றித் தொலைபேசியை எடுத்தாள். முதலில் சிரிப்பு கேட்டது.

"எப்ப ஆரம்பிக்கப் போறீங்கன்னு கேக்குறாங்க," என்றான் ட்வேன்.

"முடிஞ்சிருச்சுன்னு சொல்லு."

ஐரீன் தொலைபேசியை வாங்கிக்கொண்டார். "ஆர்டிஸ், நீ ஒண்ணும் சுடல."

"பத்து சுட்டேன், மிசஸ் டோர்ஸ்டாட். தாளை எடுத்துட்டு வரேன், எண்ணிப் பாருங்க."

வண்டியில் கேப்டனும் ஏறிக்கொண்டார். ஐரீன் தாளை வெளிச்சத்தில் பிடித்துத் துளைகளை விரலால் எண்ணினார். காப்பியில் அடிமண்டி அளவு மிச்சமிருந்தது. ட்வேன் பியானோவின் கருப்புக் கட்டைகள் ஏன் கருப்பு என்று கேட்டு நேரத்தைக் கடத்தியிருந்தான்.

"பத்து," என்றார் ஐரீன். "எனக்கு ஒண்ணுகூடக் கேக்கல. அந்தச் சாட்டைதான் கேட்டுச்சு, அது வேற ஆளு வேலை. சரி, குறைஞ்சுது. ஆனா வெடி நின்னதும் அதுக்குப் பின்னால மறைஞ்சிருந்தது எல்லாம் வெளிய வந்துடுச்சு. ஒரு ஆளு கத்துறான். வலப்பக்கம் தயாரான்னு. வலப்பக்கம் யாரு இருந்தா?"

"யாரும் இல்லைங்க," என்றாள் ஆர்டிஸ்.

"இடப்பக்கம்?"

"அங்கயும் யாரும் இல்ல."

ஐரீன் கேப்டனின் மேற்சட்டையை மேலிருந்து கீழ்வரை படித்தார். "அந்தக் குரல் உங்களுதா? சுருதி அரை இழை இறங்கியிருக்கு. அதைத்தான் என்னால தாங்க முடியல."

விண்ணப்பத்தில் அவர் கையெழுத்திட்டு, பென்சிலால் ஒரு வரி சேர்த்தார்: பெட்டித் தோட்டாவுக்கு குளிர்காலத்தில் தடை, மெகாஃபோனுக்கு வருடம் முழுக்கத் தடை. கழகத் தலைவரும் கையெழுத்திட வேண்டும் என்று காகிதத்தைத் திருப்பி வைத்தார்.

கேப்டன் அந்தப் பென்சில் வரியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மெகாஃபோன்ல இருக்கிற சைரன் பொத்தான் மட்டும், ஆபத்துக்கு...?"

"ஆபத்துன்னா வீட்டுக்கு வந்து கதவைத் தட்டுங்க."

பெருமூச்சு விட்டுக் கையெழுத்திட்டார். கேப்டன் என். குல்க் என்று, மூன்று வரியை அடைத்து.

"எந்தப் படையில?" என்றார் ஐரீன்.

கேப்டன் காகிதத்தை அவர் பக்கம் தள்ளினார். பிறகு, ஒருவேளை அந்தக் காதுக்கு முன்னால் பொய் ஒலிக்கும் என்று தோன்றியிருக்க வேண்டும், மெதுவாகச் சொன்னார்: "பௌலிங்."

"அட, கடைசி இடம் வந்த அந்த அணியா? அந்த வருஷம் என் வீட்டுக்காரர் அணிதான் முதல் இடம்," என்றார் ஐரீன். முதல் முறையாகச் சிரித்தார். "உக்காருங்க. காப்பி போடுறேன்."

இப்போது ஞாயிறு எட்டு மணிக்குத் திடல் திறக்கிறது. கேப்டன் வெள்ளைக் கையுறை மாட்டி, பச்சைக் கொடியும் சிவப்புக் கொடியும் ஏந்தி, முன்னைவிடக் கம்பீரமாக, ஒரு வார்த்தை பேசாமல் ஆணையிடுகிறார். ஆர்டிஸ் சுடுகிறாள். கூடு பனியில் விழுகிறது. காக்கைகள் உட்கார்ந்த இடத்திலேயே இருக்கின்றன.

கழகத்தின் செய்திமடலில், குளிர்காலத் தோட்டாக்கள் குறித்த தம்முடைய ஆராய்ச்சி வெற்றி பெற்றதைக் கேப்டன் நான்கு பக்கங்களில் விவரித்திருந்தார். ஆர்டிஸ் பெயர் மூன்றாம் பக்கத்தில் உதவியாளராக வந்திருந்தது. ட்வேன் கொதித்தான். அவளோ தாளைப் பிரித்து, தோட்டா மேசையில் நெம்புகோலுக்கு அடியில் விரித்துப் பார்த்தாள். சிந்துகிற மருந்தைப் பிடிக்கச் சரியான அகலம்.