மருதாணி பூசாத பாதம்

1

இந்தக் கதை எனக்கு ஒரு ஜோடிச் செருப்பால் கிடைத்தது. கள்ளக்குறிச்சியில் ஒரு டாக்டர் அறைக்கு வெளியே செருப்பைக் கழற்றச் சொல்லாமல் இருந்திருந்தால், அமிர்தம் அக்கா இன்னும் வலியோடுதான் இருப்பாள்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: மார்பில் யாரோ அம்மிக்கல்லை ஏற்றி வைத்ததுபோல…

அந்த வரியை அடித்துவிட்டேன். அக்கா அப்படிச் சொல்லவில்லை. கழுத்துக்குக் கீழே எலும்பு கூடுகிற இடத்தில் வலி, நாற்றுக் கட்டைத் தூக்க முடியவில்லை என்றுதான் சொன்னாள்.

2

அமிர்தம் தியாகதுருகம் பக்கம் நடவுக்குப் போகிறவள். உள்ளங்கையிலும் பாதத்திலும் சீழ்க்கொப்புளம் வந்து, காய்ந்து, உரிந்து, மறுபடி வந்தது. ஒட்டிக்கொள்ளும் என்று கூட நடுகிறவர்கள் தள்ளி நின்றார்கள். டாக்டரும் ஒட்டும் என்று சொல்லிவிட்டால் நடவுக்கு வரவே வேண்டாம் என்பார்கள் என்று அவள் பயந்தாள். அதனால் நெஞ்சைக் காட்டப் போன அன்று, எரிச்சலைப் பொறுத்துக்கொண்டு உள்ளங்கை முழுக்க மருதாணி அப்பியிருந்தாள். பாதத்துக்குத்தான் செருப்பு இருக்கிறதே என்று விட்டுவிட்டாள்.

(கெட்டவள் ஒருத்தி வேண்டுமென்று, கூட நடுகிற பாப்பாத்தியை இங்கே வைத்திருந்தேன். முதலில் தள்ளி நின்றவள் அவள்தான். துணைக்குப் பஸ் ஏறியவளும் அவள்தான். அவளை நான் என்ன செய்ய?)

"நெஞ்சு வலின்னு போற. கல்யாணப் பொண்ணாட்டம் மருதாணி இன்னாத்துக்குடி?" என்றாள் பாப்பாத்தி.

அமிர்தம் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

3

இ.சி.ஜி. எடுத்தார்கள். இதயத்தில் ஒன்றுமில்லை. எழுந்திருக்கச் சொல்ல வந்த டாக்டரம்மா கட்டிலின் கால்மாட்டில் நின்றுவிட்டார்.

"கால்ல என்னம்மா இது?"

"உரம் பட்டதுங்க."

"உரமும் இல்ல ஒண்ணும் இல்லங்க. கையிலயும் இதேதான். மருதாணி வெச்சி மூடிக்கினு வந்துக்கிறா. காட்டுடி" என்றாள் பாப்பாத்தி.

டாக்டர் அந்தக் கையை வெறும் கையால் ஏந்தித் தடவிப் பார்த்தார். (இது என் கற்பனை இல்லை. அக்கா இதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாள்.) எக்ஸ்ரேயும் ரத்தமும் பார்த்த பிறகு, தோலிலும் மூட்டிலும் இருப்பது ஒரே நோய் என்றார். சீழில் கிருமி இல்லை, யாருக்கும் ஒட்டாது. மருந்துக்கு அடங்கும், திரும்பவும் வரலாம்.

4

எல்லாம் சரியாகி அவள்…

இல்லை. வலி கம்மி, கொப்புளம் திரும்ப வந்திருக்கிறது.

நன்றியைப் புத்தகத்தின் முன்னால் போடுவார்களாம். நான் இங்கே போடுகிறேன்: வெறும் கையால் தொட்டவருக்கு. காட்டிக்கொடுத்த பாப்பாத்திக்கு.

மறுபடி நடவு. மருதாணி இல்லாத கையால் அமிர்தம் நீட்டிய முதல் நாற்றுக் கட்டைப் பாப்பாத்தி வாங்கிவிட்டாள். இரண்டாவது கட்டு அடுத்து நிற்பவருக்கு. அந்த இடத்தில் யார் பெயரையும் எழுதாமல் விட்டிருக்கிறேன். நீங்கள் சேற்றில் இறங்கி அங்கே நில்லுங்கள். கட்டு கனம். அக்காவால் ரொம்ப நேரம் நீட்டிக்கொண்டிருக்க முடியாது.